தாக்கு வலிமை: தாக்குவதன் வலிமையா, தாங்குவதன் வலிமையா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

தமிழ்வழி இயந்திரப் பொறியியல் மாணவர்களுக்கான பாடக்குறிப்பு ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குத் தர வேண்டும். மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் நெசவுச் சாண்ட்விச் கலப்புருப் பொருள்களின் (கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்தவை) 'இம்பாக்ட் ஸ்ட்ரென்த்', அதாவது திடீர் அடியை எதிர்த்து நிற்கும் திறன், என்பது தலைப்பு. திரவ நைட்ரஜனில், அதாவது சுழியத்துக்குக் கீழே 196 டிகிரி செல்சியசில், ஊறிய துண்டை இடுக்கியால் எடுத்துச் சார்பி என்னும் அடிச்சோதனை எந்திரத்தில் வைத்து, அது சூடேறும் முன் ஊசல் சுத்தியலை விடுகிறோம். அறை வெப்பநிலையில் அடிபட்ட இடம் வெளுத்துக் குழியும் துண்டு, குளிரில் 'டக்'கென்ற ஓசையோடு பிளக்கிறது. நடுவிலுள்ள நுரை தகட்டை விட்டுக் கழன்று நிற்கிறது. இப்போதைக்குத் 'தாக்கு வலிமை' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

தமிழாசிரியர் (ஓய்வு):

ஐயா, 'தாக்கு வலிமை' வினைத்தொகை. விரித்தால் தாக்கிய, தாக்குகின்ற, தாக்கும் வலிமை என்றாகும். அது சுத்தியலின் பெருமையைச் சொல்கிறதே ஒழிய, அடிவாங்கும் துண்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இழுத்தால் அறாமல் நிற்பதற்கு 'இழுவலிமை' என்பது வழக்கூன்றிவிட்டது என்பீர்கள். ஒரு பிழை ஊன்றியதற்காக இன்னொன்றை நடவேண்டியதில்லை. 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல' என்ற குறளிருக்க, 'தாங்கு வலிமை' என்றே எழுதலாம்.

கட்டமைப்புப் பொறியாளர்:

'தாங்கு' என்றால் எங்கள் துறையில் பாரம் தாங்குவது. குறளிலேயே விடை தேடுவதானால் 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்பதையும் பாருங்கள். அங்கே அச்சை முறிப்பது மயிலிறகாய்ச் சேர்ந்த பாரம், திடீர் அடியன்று. இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் மாணவன் தேர்விலேயே குழம்புவான். ஊர்வழக்கில் 'தாக்குப்பிடிக்கிறது' என்று சொல்கிறோமே, அதில் அடியும் இருக்கிறது, அதை எதிர்த்து நிற்பதும் இருக்கிறது. 'தாக்குப்பிடிப்பு வலிமை' என்றால் முதல் வாசிப்பிலேயே புரியும்.

இயற்பியல் ஆசிரியை:

முன்பாதியை ஏற்கிறேன், எனக்குச் சிக்கல் பின்பாதியில்தான். இழுவிசைச் சோதனையில் கிடைக்கும் வலிமை, பாஸ்கலில் அளக்கும் தகைவு, அதாவது ஓரலகுப் பரப்பில் ஏறும் விசை. ஊசல் எந்த உயரத்திலிருந்து விழுந்தது, துண்டை உடைத்த பிறகு எந்த உயரம்வரை ஏறியது என்ற வேறுபாட்டிலிருந்து சார்பி எந்திரம் காட்டுவதோ, துண்டு விழுங்கிய ஜூல் கணக்கு. அது ஆற்றல். ஆங்கிலத்தில் அதற்கு வலிமை என்று பெயர் வைத்தது பழைய பழக்கம். அந்தப் பிழையையும் சேர்த்து நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்? இந்தப் பாடத்தில் வேறுபாடு இன்னும் முக்கியம். கடுங்குளிரில் கண்ணாடி இழையின் இழுவலிமை குறைவதில்லை, கூடவே செய்கிறது. பிசின்தான் நெகிழ்ச்சி இழந்து நொறுங்குகிறது. பிசின் இழையைவிட அதிகமாகச் சுருங்குவதால், அடி விழுமுன்பே உள்ளே தகைவு ஏறி நுண்விரிசல்களும் விழக்கூடும். வலிமை கூடிய இழையை வைத்துக்கொண்டே ஆற்றலை விழுங்க முடியாமல் உடையும் பொருளுக்கு 'வலிமை' என்ற சொல் எப்படிப் பொருந்தும்?

தமிழாசிரியர்:

அம்மா சொல்வது அருமை. 'ஆற்றுவார் ஆற்றல் பசிஆற்றல்' என்ற இடத்தில் ஆற்றல் என்பது பொறுத்துக்கொள்வதையும் குறிக்கிறது. ஆகவே 'தாக்காற்றல்' என்றே சுருக்கிவிடலாம். தாக்கை ஆற்றுவது என்று இரண்டாம் வேற்றுமைத் தொகையாக விரியும்.

கட்டமைப்புப் பொறியாளர்:

வேற்றுமைத் தொகையாக நீங்கள் விரிப்பீர்கள். மாணவன் 'தாக்கும் ஆற்றல்' என்று ஏவுகணையைத்தான் நினைப்பான்.

காஞ்சிபுரத்திலிருந்து, நெசவுப் பொறியாளர்:

வலிமையா ஆற்றலா என்பது இருக்கட்டும். 'நெசவுச் சாண்ட்விச்' எது என்று முதலில் சொல்லுங்கள். நெய்த துணித் தகடு இரண்டை நுரையில் ஒட்டியதா? அல்லது வெல்வெட் நெய்வதுபோல இரண்டு துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தறியில் ஏற்றி, நடுவே ஓடும் பாவு நூலை அறுக்காமல் விட்டு, முழுவதையும் ஒரே நெசவாக எடுத்ததா? இரண்டாவதில் நடுநூலே இரு முகங்களையும் பிடித்திருப்பதால் முகத்தகடு எளிதில் உரிந்து வராது. எங்கள் கோர்வைச் சேலையில் கரையும் உடலும் பிணைவதுபோல என்று வைத்து, அதைக் 'கோர்வை நெசவு' என்று சொல்ல ஆசை. கோர்வை பக்கவாட்டுப் பிணைப்புதானே என்று என் தகப்பனாரே ஒத்துக்கொள்ளவில்லை. 'சாண்ட்விச்' என்பதை மட்டும் மாற்றாதீர்கள். 'உள்ளீடு' என்று யாரேனும் தொடங்கினால் அது கணினிக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

தொடங்கியவர்:

எங்களுடையது நுரை வைத்து ஒட்டியதே. 'நெய்த முகத்தகட்டுச் சாண்ட்விச்' என்று திருத்திவிட்டேன். 'கிரையோஜெனிக்' என்பதற்குத் தனிமடலில் வந்த 'உறைகுளிர்', 'மீக்குளிர்' இரண்டையும் எடுக்கவில்லை. திரவ நைட்ரஜன் அந்த வெப்பநிலையில் உறைவதில்லை, கொதிக்கிறது. மீக்குளிர்வு என்பதோ உறைநிலைக்குக் கீழும் உறையாமல் நிற்பதற்கு ஆகிவிட்ட சொல். இஸ்ரோவின் மகேந்திரகிரி ராக்கெட் எஞ்சின் செய்தி படித்து வளர்ந்த திருநெல்வேலி மாணவர்கள் 'கிரையோஜெனிக்' என்றே சொல்கிறார்கள். பாடத்தில் 'கடுங்குளிர்' என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் அதை அடைப்புக்குள் தருகிறேன். தலைப்பில் 'தாக்குப்பிடிப்பு ஆற்றல்' என்று போட்டுவிட்டேன். பாடத்திட்டத்தில் 'தாக்கு வலிமை' என்று இருப்பதால் தேர்வுக்காக ஓர் அடிக்குறிப்பும் உண்டு.

தமிழாசிரியர்:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் தாக்குப்பிடிப்பது என்றால் நெடுநேரம் நிற்பது. உங்கள் சுத்தியல் அடியோ கண்ணிமைக்கும் முன் முடிந்துவிடுகிறது. அடுத்த பதிப்புக்குத் 'தாக்காற்றல்' என் பெயரில் நிலுவையில் இருக்கட்டும்.