பெரியப்பா வீட்டுப் பின் வயல்

குழு: அப்பம்மாவின் பிள்ளைகள்
நவம்பர் 2025, செவ்வாய்க்கிழமை

பெரியப்பா: எல்லோருக்கும் வணக்கம். [படம்]
நேற்று இந்தத் துண்டுப்பிரசுரம் கதவடியில் கிடந்தது. லண்டனின் வட ஓரத்தில் எங்கள் என்ஃபீல்ட் பக்கம் சேஸ் பார்க், குரூஸ் ஹில் இரண்டையும் சேர்த்துப் புதிய நகரம் கட்டப் பார்க்கிறார்கள், 21,000 வீடுகளாம். எங்கள் வீட்டுப் பின் வயல் முழுவதும் போய்விடும். எம்பிக்கு எதிர்ப்புக் கடிதம் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன், எல்லோரும் பெயர் தர வேண்டும். சனிக்கிழமை இதைப் பற்றிக் கூட்டமும் இருக்கிறது. வரக்கூடியவர்கள் வாருங்கோ.

பெரியம்மா: சனிக்கிழமை ஆட்டைத் திவசம்

பெரியப்பா: அது காலையில். கூட்டம் பின்னேரம் ஆறு மணிக்கு.

பெரியம்மா: பாத்திரம் யார் கழுவுவது

கௌரி மாமி: ஐயர் பத்து மணி என்றாரா பதினொன்றா? ஹரோவில் இருந்து வர எனக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும்.

நிரோஷன்: அப்பா, நான் பீட்டர்பரோவில் இருக்கிறேன். என் பெயர் செல்லுமா?

பெரியப்பா: நீ வளர்ந்த வீடு. செல்லும்.

பெரியப்பா: [கோப்பு: எதிர்ப்புக் கடிதம்]

கௌரி மாமி: வாசித்தேன். நல்ல ஆங்கிலம். நான் சரி.

ரவி: பெரியப்பா, கடிதம் பார்த்தேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ. முதலில் இது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எல்லோருக்கும் விளங்க வேண்டும். என்ஃபீல்ட் கவுன்சிலின் வரைவுத் திட்டத்தில் சேஸ் பார்க்கில் ஏறக்குறைய 3,700, குரூஸ் ஹில்லில் 5,500 வீடுகள் என்று இருந்தது, அது அரசாங்க இன்ஸ்பெக்டரின் விசாரணைக்குப் போனது. அப்புறம் செப்டெம்பர் கடைசியில் புதிய நகரங்களுக்கான குழு பன்னிரண்டு இடங்களைப் பரிந்துரை செய்தது, அதில் ஒன்று இது, 21,000 என்ற எண் அங்கிருந்துதான் வருகிறது. இறுதி முடிவு இன்னும் இல்லை, சுற்றுச்சூழல் மதிப்பீடு நடக்க வேண்டும். அதனால் இப்போது எழுதுவது வீண் வேலை இல்லை. ஆனால் "வீட்டு விலை விழும்", "பின் ஜன்னலில் தெரியும் காட்சி போகும்" என்ற இரண்டையும் எடுத்துவிடுங்கோ. திட்டமிடலில் இவை இரண்டும் கணக்கிலேயே வராது. போக்குவரத்து, வெள்ளம், பள்ளிக்கூடம், காட்டுயிர், பழைய நிலத்தோற்றம், இவைதான் வரும். நான் வேலை செய்யும் கவுன்சிலில் இப்படி வரும் கடிதங்களில் பாதி வீட்டு விலையைப் பற்றியே இருக்கும், வாசித்துவிட்டு ஒன்றும் செய்ய முடியாமல் கோப்பில் போடுகிறோம்.

கௌரி மாமி: அப்ப பத்தா பதினொன்றா

பெரியம்மா: பத்து

சுகி: பெரியப்பா, கோபிக்க வேண்டாம். நான் பெயர் தரமாட்டேன்.

பெரியப்பா: ஏன் அம்மா?

சுகி: எட்மன்டனில் நானும் இவரும் இரண்டு பிள்ளைகளும் ஒரு அறையில் படுக்கிறோம். வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போகிறாராம், தை மாதம் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார். கவுன்சிலில் கேட்டால் முதலில் தற்காலிக இடம், அதுவும் எந்த ஊரில் என்று சொல்ல முடியாது என்கிறார்கள். இந்த நிலையில் "இங்கே வீடு கட்டாதே" என்று எழுதிய தாளில் நான் எப்படிப் பெயர் போடுவது?

நிரோஷன்: அக்கா இதை ஏன் முன்பே சொல்லவில்லை

கௌரி மாமி: தை மாதமா? பள்ளிக்கூடம் நடுவிலா?

பெரியப்பா: சுகி, வீடு கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கே என்பதுதான் கேள்வி. மெரிடியன் வோட்டரில் 10,000 வீடு என்று எத்தனை வருடமாகச் சொல்கிறார்கள்? 2019இல் ஸ்டேஷன் திறந்தார்கள், உன் வீட்டில் இருந்து பஸ்ஸில் போகும் தூரம். பழைய தொழிற்சாலை நிலம், யாரும் அழப்போவதில்லை. அதை முடித்துவிட்டு வயலுக்கு வரட்டும். வயல் ஒருமுறை போனால் போனதுதான், திரும்பி வராது. நான் பைபாஸ் செய்த பிறகு தினமும் காலையில் அந்த ஒற்றையடிப் பாதையில்தான் நடக்கிறேன். வானம்பாடி கேட்கும். இதற்கெல்லாம் ஒரு பெறுமதி இல்லையா?

சுகி: இருக்கிறது பெரியப்பா. இல்லை என்று சொல்லவில்லையே.

ரவி: பெரியப்பா சொல்வதிலும் சத்து இருக்கிறது, சுகி சொல்வதிலும் இருக்கிறது. அந்த வயல் கிரீன் பெல்ட், அதாவது நகரத்தைச் சுற்றிக் கட்டாமல் விட்டிருக்கும் நிலம். இந்த கிரீன் பெல்ட் எதற்காக வந்தது என்று பார்த்தால் கொஞ்சம் தெளிவு வரும். 1938இல் லண்டனுக்கென்று ஒரு சட்டம், 1947இல் திட்டமிடல் சட்டம், 1955இல் நாடு முழுக்க மற்ற நகரங்களுக்கும். நகரம் கட்டுப்பாடில்லாமல் பரவக்கூடாது, பக்கத்து ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டக்கூடாது, வெளிநிலம் கரையக்கூடாது, உள்ளே கைவிட்ட நிலத்தை முதலில் பாவிக்க வேண்டும், இவை முக்கிய நோக்கங்கள். அழகையோ பறவைகளையோ காக்க வந்த சட்டம் இல்லை, அவற்றுக்கு வேறு பாதுகாப்புகள் உண்டு. இங்கிலாந்தின் நிலத்தில் எட்டில் ஒரு பங்கு கிரீன் பெல்ட், வீடு, தெரு, கடை எல்லாம் சேர்த்துக் கட்டிய நிலம் அதைவிடக் குறைவு. பலர் கிரீன் பெல்ட் என்றால் காடும் பூங்காவும் என்று நினைக்கிறார்கள். கனக்க இடம் வேலி போட்ட தனியார் வயல், குதிரை மேயும் புல்வெளி, கோல்ஃப் மைதானம். குரூஸ் ஹில்லிலும் கனக்கப் பூங்கன்றுக் கடைகளும் கண்ணாடிக் கொட்டில்களும்தானே. அதுதான் மக்கள் கருத்தும் இரண்டு பக்கமும் இழுபடுகிறது. கிரீன் பெல்ட்டில் கட்டலாமா என்று மொட்டையாகக் கேட்டால் வேண்டாம் என்பவர்கள் கூட, பாழடைந்த பெட்ரோல் நிலையம், கார் நிறுத்துமிடம் என்று இடத்தைச் சொல்லிக் கேட்டால் சரி என்கிறார்கள். 2024இல் தொழிற்கட்சி கிரீன் பெல்ட்டுக்குள் இருக்கும் பாழடைந்த இடங்களை "கிரே பெல்ட்" என்று கொண்டுவந்தபோது டொட்டன்ஹாமில் ஒரு பழைய பெட்ரோல் நிலையத்தைக் காட்டியதும் அதற்காகத்தான்.

நிரோஷன்: ரவி அண்ணா பத்தி பிரித்து எழுதினால் புண்ணியம்

பெரியம்மா: கண் வலிக்குது

பெரியப்பா: பெட்ரோல் நிலையத்தைக் காட்டிவிட்டு வயலை எடுக்கிறார்கள். அதுதான் எனக்குக் கோபம். லண்டன் மேயர் சாதிக் கானும் முன்பு கிரீன் பெல்ட்டைத் தொடமாட்டேன் என்றுதான் நின்றார், இந்த மே மாதம் மாறிவிட்டார்.

ரவி: மாறினார், ஓம். லண்டனுக்கு வருடத்துக்கு 88,000 வீடு என்று இலக்கு. உள்ளே இருக்கும் பழைய நிலத்தில் மட்டும் அதைக் கட்டி முடிக்க முடியாது என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

சித்தப்பா (கனடா): காலை வணக்கம். இங்கே இப்போதுதான் விடிந்தது. 64 மெசேஜ். யாருக்கு என்ன?

கௌரி மாமி: ஒருவருக்கும் ஒன்றுமில்லை. காணிப் பிரச்சினை.

சித்தப்பா (கனடா): வடலிக் காணியா?

பெரியப்பா: இல்லை.

சித்தப்பா (கனடா): நானும் பயந்துவிட்டேன். வாசித்துவிட்டு வருகிறேன்.

சித்தப்பா (கனடா): அண்ணை, இது எங்களுக்கு நடந்த கதைதான். ஒன்ராறியோவில் 2005இல் கிரீன்பெல்ட் போட்டார்கள், இருபது லட்சம் ஏக்கர். 2022 கடைசியில் டக் ஃபோர்ட் அரசாங்கம் வீடு வேண்டும் என்று சொல்லி 7,400 ஏக்கரை வெளியே எடுத்தது, 50,000 வீடு என்றார்கள். அதில் பெரிய துண்டு எங்கள் பிக்கரிங் பக்கத்து விவசாய நிலம். அடுத்த ஆகஸ்டில் கணக்காய்வாளர் அறிக்கை வந்தது, அந்த நிலச் சொந்தக்காரருக்கு 830 கோடி டொலருக்கு மேல் பெறுமதி கூடும் என்று. அமைச்சர் விலகினார், செப்டெம்பரில் முதல்வரே மன்னிப்புக் கேட்டு எல்லாவற்றையும் திருப்பி வைத்தார். இங்கே வீடு இல்லாமல் அலையும் பெடியள்கூட அப்போது எதிர்த்தார்கள். வீடு வேண்டாம் என்று இல்லை. இலாபம் யாருக்குப் போகிறது என்று பார்த்துத்தான்.

பெரியப்பா: கேட்டாயா ரவி.

ரவி: கேட்டேன். நான் சொல்ல வருவதும் அதுதான் பெரியப்பா. வயலாக இருக்கும்போது ஒரு விலை, அனுமதி கிடைத்த அடுத்த நாள் அதே மண்ணுக்குப் பல மடங்கு விலை. அந்த வித்தியாசத்தில் ஊருக்கு என்ன கிடைக்கிறது என்றுதான் நாங்கள் கேட்க வேண்டும். போன டிசம்பரில் வந்த விதிப்படி கிரீன் பெல்ட் நிலத்தில் பெரிதாகக் கட்டினால் அந்த ஊரின் வழக்கமான அளவை விட 15 சதவீதப் புள்ளி கூட, 50 சதவீதம் வரை, கட்டுப்படியாகும் வீடுகளாக இருக்க வேண்டும். பள்ளிக்கூடம், ஜீபி (குடும்ப வைத்தியர்), பாதை போன்ற வசதிகளும் தேவைக்கேற்ப வர வேண்டும், பொதுமக்கள் நடக்கப் பச்சை வெளியும் விட வேண்டும்.

நிரோஷன்: அதே அரசாங்கம்தானே ஒக்டோபரில் லண்டனில் கட்டுப்படியாகும் வீடுகளின் பங்கை 35 சதவீதத்தில் இருந்து 20 ஆகக் குறைக்கிறோம் என்றது

ரவி: அது கெதியாக அனுமதி எடுக்கும் வழிக்கு, தற்காலிகமாக என்கிறார்கள். ஆனால் நீ பிடித்த இடம் சரி. எழுத்தில் இறுக்கிக் கேட்காவிட்டால் நழுவும்.

சுகி: "கட்டுப்படியாகும்" என்றால் யாருக்கு? பக்கத்தில் அப்படி ஒன்று கட்டினார்கள், பங்கு வாங்கி மிச்சத்துக்கு வாடகை கட்டும் வீடு. எங்கள் இரண்டு சம்பளத்துக்கும் அதுவே எட்டவில்லை. கவுன்சில் வாடகை வீடு எத்தனை என்று எழுதுங்கோ அண்ணா.

ரவி: சமூக வாடகை. எழுதுகிறேன்.

கௌரி மாமி: நிரோஷன், நீ பீட்டர்பரோ போனதும் இதனால்தானே? இங்கே எடுத்திருக்கலாம் என்று உன் அப்பா இன்னும் சொல்கிறார்.

நிரோஷன்: மாமி இங்கே எடுக்க முடிந்திருந்தால் எடுத்திருப்பேன். கிரீன் பெல்ட்டைத் தாண்டித்தான் விலை இறங்குகிறது. அதைத் தாண்டிப் போய் வீடு வாங்கிவிட்டு, தினமும் ரெயினில் அதே வயல்களைப் பார்த்துக்கொண்டு திரும்பி வேலைக்கு வருகிறேன். பிள்ளை எழும்ப முன் போய், படுத்த பின் வருகிறேன்.

பெரியப்பா: நான் அப்போதே மேல்மாடியில் இருங்கோ என்றேன்.

நிரோஷன்: அப்பா வேண்டாம் இங்கே

நிரோஷன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியம்மா: என்ன எழுதி அழித்தாய்

சித்தப்பா (கனடா): அண்ணை, நீங்கள் பின்பக்கம் அறை கட்டும்போது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் கடிதம் போட்டாரே, வெளிச்சம் மறைக்கும் என்று. அப்போது நீங்கள் எனக்கு எடுத்த கோல் இன்னும் காதில் இருக்கிறது. எல்லோருக்கும் இருக்க இடம் வேண்டாமா என்று கேட்டீர்கள்.

பெரியப்பா: அந்த அறையில்தான் நீ கனடா போகும் வரை படுத்தாய்.

சித்தப்பா (கனடா): அதைத்தான் நானும் சொல்கிறேன்.

கௌரி மாமி: வடலிக் காணியும் அப்படியே பற்றையாகக் கிடக்கிறது. விற்றிருந்தால் யாராவது வீடு கட்டி விளக்கு வைத்திருப்பார்கள்.

பெரியப்பா: கௌரி, அது அப்பாவின் காணி. அதைப் பற்றித் திவசம் முடியக் கதைப்போம்.

சித்தப்பா (கனடா): போன முறையும் இதைத்தான் சொன்னீர்கள்

பெரியம்மா: கத்தரிக்காய்க் குழம்பு நான். வாழைக்காய்ப் பொரியல் கௌரி. வடை யார்

சுகி: வடை நான் செய்கிறேன் பெரியம்மா. உளுந்து மட்டும் உங்கள் வீட்டில் அரைக்க வேண்டும், இங்கே கிரைண்டர் வைக்க இடமில்லை.

பெரியம்மா: வெள்ளி இரவே பிள்ளைகளோடு வா

சுகி: சரி

சுகி: அண்ணா, இன்னொரு விஷயம். மழை பெய்தால் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறுகிறது. அந்த ஓடை பெரியப்பா பக்கத்து வயல்களில் இருந்துதான் வருகிறது என்று பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம். உண்மையா?

ரவி: உண்மை. சாமன்ஸ் புரூக். என்ஃபீல்ட் சேஸில் தொடங்கி எட்மன்டனுக்குள்தான் இறங்குகிறது. மேலே கொங்கிரீட் போட்டால் தண்ணீர் வேகமாகக் கீழே வரும். அங்கே தேக்கங்களும் மரங்களும் வைத்து நீரைத் தாமதப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் மேலே வீடு கிடைப்பவருக்காகக் கீழே இருப்பவர் நனைவார். இது கடிதத்தில் மிகப் பலமான பந்தியாக இருக்கும். பெரியப்பா, உங்கள் கடிதத்தில் இது ஒரு வரிகூட இல்லையே.

பெரியப்பா: எனக்கு இது தெரியாது. போடு.

கௌரி மாமி: ஃபோர்ட்டி ஹோலில் பீவர் என்று அணை கட்டும் விலங்கை விட்டார்களே, அதுவும் வெள்ளத்துக்குத்தானே? பேரன் பார்க்க வேண்டும் என்று நிற்கிறான்.

ரவி: ஓம் மாமி, 2022இல். அது வேறு ஓடை.

பெரியப்பா: ரவி, நீ திருத்தி அனுப்பு. ஆனால் முதல் வரியில் "எதிர்க்கிறோம்" இருக்க வேண்டும். அதில் நான் இறங்கமாட்டேன். பூங்கன்றுக் கடைப் பக்கம் கட்டட்டும், ஸ்டேஷனும் அங்கேயே இருக்கிறது. சேஸ் பார்க் வயலை விடட்டும்.

ரவி: அப்படியென்றால் "குரூஸ் ஹில்லுக்கு நிபந்தனையோடு சம்மதம், சேஸ் பார்க்குக்கு எதிர்ப்பு" என்று எழுதலாமா? சமூக வாடகை வீடு, வீட்டுக்கு முன் ஜீபியும் ரெயினும், ஓடை, நடைபாதை என்று நாலு பந்தி. மெரிடியன் வோட்டரும் சேர்த்து.

பெரியப்பா: சம்மதம் என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை.

சுகி: எதிர்ப்பு என்று தொடங்கினால் நான் தனியாக எழுதுகிறேன் பெரியப்பா. லண்டனில் ஐம்பது பேருக்கு ஒருவர் தற்காலிக இடத்தில் இருக்கிறார்கள். தை மாதம் நாங்களும் அதில் சேர்ந்துவிடுவோம். அதை யாராவது எம்பிக்குச் சொல்ல வேண்டும்.

பெரியப்பா: எழுது. கூட்டத்துக்கும் வா, அங்கேயும் எழும்பிச் சொல். அங்கே வரும் ஆட்கள் எல்லோரும் என்னைப் போல் வீடு உள்ளவர்கள்தான், இதை அவர்களும் கேட்கட்டும்.

சுகி: பேசினால் கூச்சல் போடமாட்டார்களா?

பெரியப்பா: நான் பக்கத்தில் இருப்பேன்.

பெரியம்மா: பாத்திரம்

நிரோஷன்: நான் கழுவுகிறேன் அம்மா

ரவி: அப்ப ஒரு கடிதமா இரண்டா? யாராவது முடிவாகச் சொல்லுங்கோ, இன்றிரவு உட்கார்ந்தால்தான் எழுதலாம்.

சித்தப்பா (கனடா): மூன்று. இங்கிருந்து நானும் ஒன்று.

பெரியப்பா: உனக்கு இங்கே வாக்கில்லை. நீ வடலிக் காணி உறுதியைத் தேடி எடுத்து வை.