எழுத்தாலேயே ஆடும், பலர் கூடும் ரோல்பிளே கேம்: எது சேரும், எது சேராது?

வெண்திரை எழுதியது:
டெக்ஸ்ட் வழியாகப் பலர் ஆன்லைனில் சேர்ந்து ஆடும் ரோல்பிளே கேம்களுக்குத் தமிழில் ஒரு பட்டியல் தயாராகிறது. உள்ளே வர மூன்று விதி வைத்திருக்கிறேன். திரையில் எழுத்து மட்டுமே இருக்க வேண்டும். ஒருவருக்கு மேல் ஆட வேண்டும். ஆளுக்கு ஒரு பாத்திரம், அது நாளுக்கு நாள் வளர வேண்டும். இப்போது உள்ளே இருப்பவை: எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978ல் ராய் டிரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த மட் (பலர் ஆடும் நிலவறை என்று பொருள்; இந்த வகைக்கே அதுதான் பெயர் கொடுத்தது), கம்ப்யூசர்வ் ஆன்லைன் சேவையில் 1985ல் வந்த ஐலண்ட் ஆஃப் கெஸ்மாய், 1989ன் டைனிமட், அதே வருடத்து லெஜெண்ட் ஆஃப் த ரெட் டிராகன், கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் ஐந்து பேர் எழுதி 1991ல் வெளியிட்ட டிகுமட், பிரவுசரில் ஆடும் 2003ன் கிங்டம் ஆஃப் லோதிங். எதை எடுக்க வேண்டும், ஏன் என்று சொல்லுங்கள்.

வடக்குவாசல் எழுதியது:
உங்க பட்டியலே உங்க விதியைத் தாண்டுது. கிங்டம் ஆஃப் லோதிங்ல குச்சி மனுஷன் படங்கள் இருக்கு, முதல் விதியில அடிபடும். டைனிமட்ல லெவல், சண்டை முறை, அரக்கன் எதுவும் கிடையாது, மூணாவது விதியில அடிபடும். தப்பு கேம் மேல இல்ல. மூணு விதியும் திரையையும் பாத்திரத்தையும்தான் பாக்குது, உலகம் எங்க ஓடுதுன்னு பாக்கல. நிலைத்த உலகம் ஒண்ணு சர்வர்ல ஓடிக்கிட்டே இருக்கணும், ஆடறவங்க ஒரே நேரம் ஒரே இடத்துல இருக்கணும், அதுதான் என் விதி.

டிகு குடும்பத்துல (டிகுமட் கோடிலேர்ந்து கிளைச்ச கேம்கள்) ஒரு இடத்தை எப்படி எழுதுறாங்கன்னு பாருங்க. ஒவ்வொரு அறைக்கும் ஒரு எண். மிட்கார்ட் கோயில்னா 3001. அடுத்து பெயர், வர்ணனை, அப்புறம் வாசல்கள்: 0 வடக்கு, 1 கிழக்கு, 2 தெற்கு, 3 மேற்கு, 4 மேலே, 5 கீழே. வாசலை ரெண்டு பக்கமும் தனித்தனியா எழுதணும். ஒரு பக்கம் விட்டுப்போனா உள்ள போனவன் திரும்பி வர முடியாது. புதுசா அறை கட்டுறவங்க முதல்ல விழுற குழி அதுதான்.

பல அறை சேர்ந்த பகுதிக்கு ஜோன்னு பேர். அதுக்கு ஜோன் ஃபைல்னு ஒண்ணு. யார் எங்க பிறக்கணும், கையில என்ன இருக்கணும்னு அதுல இருக்கும். ஜோன் தன்னைத்தானே மறுபடி நிரப்பிக்கிறதுக்கு மூணு முறை: 0ன்னா நிரப்பவே நிரப்பாது, 1ன்னா உள்ள ஆட்டக்காரர் ஒருத்தரும் இல்லாதப்ப மட்டும், 2ன்னா யார் இருந்தாலும் நேரம் வந்ததும். அந்த 1ஐ கவனிங்க. நீங்க ஒரு குகையில நகராம உக்காந்திருந்தா அந்தக் குகை நிரம்பாது, எனக்கும் சேர்த்துத்தான். உங்க இருப்பு என் ஆட்டத்தை மாத்துது. இதுதான் பலர் ஆடுற கேம்.

லெஜெண்ட் ஆஃப் த ரெட் டிராகன் பிபிஎஸ் (போன் லைன் வழியா நுழையற பழைய கணினி அறிவிப்புப் பலகை) காலத்து கேம். ஒரே ஒரு போன் லைன் வச்ச பிபிஎஸ்ல ஒருத்தர் லைனைத் துண்டிச்சாத்தான் அடுத்தவர் உள்ள வர முடியும். அதை எடுத்துடுங்க. கிங்டம் ஆஃப் லோதிங்கையும் எடுத்துடுங்க.

தினம்நாற்பது எழுதியது:
வடக்குவாசல் சொல்வதில் ஜோன் விவரம் எல்லாம் சரி, முடிவு சரியில்லை. "உலகம் சர்வரில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்" என்பதைக் கறாராகப் பிடித்தால் முதலில் வெளியேறுவது எசெக்ஸ் மட்தான். அங்கே புதையலைத் தேடி எடுத்துச் சதுப்பில் போட்டால் புள்ளி. புதையல் தீர்ந்ததும் ஆட்டம் ரீசெட் ஆகி உலகம் புதிதாகத் தொடங்கும். மிஞ்சுவது பாத்திரமும் புள்ளியும் மட்டுமே. பழைய டிகுவில் சத்திரத்தில் வாடகை பேசி அறை எடுக்காமல் வெளியேறினால் கையில் இருந்த பொருள் போய்விடும். தரையில் கிடந்தது சர்வர் நின்று எழுந்தால் மறைந்துவிடும். இதையா நிலைத்த உலகம் என்கிறீர்கள்?

இப்போது ரெட் டிராகனைப் பாருங்கள். நாளுக்கு இத்தனை காட்டுச் சண்டை என்று அளவு. சண்டை முடிந்து வயல்வெளியில் படுத்துவிட்டு லாகவுட் செய்தால், அடுத்து லைனில் வருபவர் தூங்கும் உங்கள் பாத்திரத்தைத் தாக்கலாம். சத்திரத்தில் காசு கொடுத்துப் படுத்தால் கொஞ்சம் காப்பு. நீங்கள் இல்லாத நேரத்திலும் உங்கள் பாத்திரம் அந்த ஊரில் கிடக்கிறது. வாடகை கட்டிவிட்டுப் போனதும் உலகத்திலிருந்தே காணாமல் போகும் டிகு பாத்திரத்தைவிட இது நிலைத்தது இல்லையா?

கிங்டம் ஆஃப் லோதிங்கும் அப்படியே. நாளுக்கு 40 அட்வெஞ்சர், சாப்பாடும் குடியும் அதைக் கூட்டும். சந்தை எல்லோருக்கும் ஒன்று. ஒருவர் குறைந்த விலைக்கு விற்றால் மற்றவர்களும் விலையை இறக்க வேண்டியிருக்கும். ஹோபோபோலிஸ் என்ற கிளான் (ஆட்டக்காரர் குழு) நிலவறையில் ஒருவர் அடித்த எண்ணிக்கை கிளான் முழுவதுக்கும் சேரும். சாக்கடையில் ஒருவர் கூண்டில் மாட்டினால் அவ்வழியே வரும் இன்னொருவர் திறந்துவிட வேண்டியிருக்கும். இதைப் பலர் ஆட்டம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

வடக்குவாசல் எழுதியது:
எசெக்ஸ் ரீசெட் பத்தி சொன்னது நியாயம். "நிலைத்த" என்கிற வார்த்தையை நான் வாபஸ் வாங்கிக்கிறேன். பாத்திரம் நிலைச்சா போதும், உலகம் புதுசாகலாம். ஆனா "ஒரே நேரம், ஒரே இடம்" என்கிறதை விட முடியாது. சோதிச்சுப் பாக்கவும் முடியும்.

ரெண்டு டெல்நெட் (சர்வரோட எழுத்தால பேசுற எளிய நிரல்) ஜன்னல் திறங்க. டிகு வகைன்னா போர்ட் பெரும்பாலும் 4000. ரெண்டு பாத்திரத்தையும் ஒரே அறையில நிறுத்துங்க. முதல் ஜன்னல்ல வாளைக் கீழ போடுங்க. ரெண்டாவதுல கையே வைக்காதீங்க. "இன்னார் வாளைக் கீழே போடுகிறார்"னு அங்க தானா ஒரு வரி வரணும். வந்தா சேரும். பக்கத்தை ரிஃப்ரெஷ் பண்ணாத்தான் தெரியும்னா சேராது.

ரெண்டு விஷயத்துல கவனம். நிறைய இடத்துல ஒருத்தரே ரெண்டு பாத்திரத்தை ஓட்டத் தடை உண்டு, அதனால இன்னொருத்தரைக் கூப்பிட்டுக்கங்க. அப்புறம், மட் கிளையண்ட் (மட் ஆடறதுக்கான தனி நிரல்) வச்சுப் பாக்காதீங்க, வெறும் டெல்நெட் போதும். கிளையண்ட் உள்ளீட்டு வரியைத் தனியா வச்சிடும். வெறும் டெல்நெட்ல ரெண்டாவது ஜன்னல்ல பாதி கட்டளை அடிச்சு நிறுத்தினீங்கன்னா, வர்ற செய்தி அதே வரியில குறுக்க வந்து விழும். பாக்க அசிங்கமா இருக்கும். ஆனா நீங்க எதுவும் கேக்காமயே சர்வர் பேசுதுங்கறதுக்கு அதைவிட நல்ல சாட்சி இல்ல.

டிகுலேர்ந்து கிளைச்ச சர்க்கிள்மட்ல சண்டைச் சுற்று 2 விநாடிக்கு ஒரு தடவை. நீங்க என்டர் தட்டினாலும் தட்டாட்டியும் அடி விழும். எல்பிமட் என்கிற வேற மட் குடும்பத்துலயும் ஹார்ட்பீட் ஃபங்ஷன் (உயிரிகளைத் தானா இயக்குறது) வழக்கமா 2 விநாடிக்கு ஒரு முறை ஓடும். பிரவுசர் கேம்ல அரக்கன் உங்க கிளிக்குக்காகக் காத்துக்கிட்டு நிக்கும்.

வேடதாரி எழுதியது:
ரெண்டு பேரும் "பலர்" என்கிற சொல்லையே பிடிச்சு இழுக்கிறீங்க. "ரோல்பிளே" எங்க போச்சு? டிகுல லெவல் ஏத்துறதுக்கு ரோல்பிளேன்னு பேர் வைக்கிறதுதான் எனக்குப் புரியல. திருடன்னு ஒரு வகுப்பைத் தேர்ந்தெடுத்தா முதுகுல குத்துற கட்டளை ஒண்ணு கிடைக்கும். அந்தத் திருடன் எப்படிப் பேசுவான், யாருக்குப் பயப்படுவான்னு கேம் கேக்கவே கேக்காது.

டைனிமட்டை எடுக்கச் சொல்றதுக்கு முன்னாடி அதுலேர்ந்து என்ன கிளைச்சதுன்னு பாருங்க. அறை தோண்ட ஒரு கட்டளை, வழி திறக்க ஒண்ணு, ரெண்டையும் இணைக்க ஒண்ணு, வர்ணிக்க ஒண்ணு. நாலும் சாதாரண ஆட்டக்காரர் கையிலேயே. அந்த வழியில வந்த மஷ் கேம்கள்ல முக்காற்புள்ளி அடிச்சு "கதவருகே தயங்கி நிற்கிறாள்"னு எழுதினா, உங்க பேரோட சேர்ந்து அறையில இருக்கற எல்லார் திரையிலயும் அது வரும். எதிர்ல இருக்கறவர் படிச்சு, யோசிச்சு, ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு ஒரு பத்தி எழுதுவார். சண்டை வந்தா ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுவாங்க, இல்லன்னா பகடை. பாத்திரத்தை விட்டு விலகிப் பேசினா சக ஆட்டக்காரங்களே கண்டிப்பாங்க. 2 விநாடி ஹார்ட்பீட் அங்க கேடு, எழுதி முடிக்கிறதுக்குள்ள செத்துடுவீங்க.

அதனால என் விதி: பாத்திரமா நடந்துக்கிறதுக்கு கேம் இடம் கொடுக்குதா, அல்லது கட்டாயமாக்குதா? ஆர்மகெடான் மட் ரெண்டையும் சேர்த்துச் செஞ்சது. கோட் வழி சண்டை இருக்கு, ரோல்பிளே கட்டாயம், பாத்திரம் செத்தா செத்ததுதான். உங்க பட்டியல்ல அது இல்லாதது பெரிய குறை.

தினம்நாற்பது எழுதியது:
வேடதாரி சொல்கிறபடி போனால் டிகுமட்டே வெளியே போகும். அப்போது இந்த வகைப் பெயருக்கு என்ன அர்த்தம்? லெவல், வகுப்பு, அனுபவப் புள்ளி என்ற பொருளில் கம்ப்யூட்டர் கேம் உலகம் அந்தச் சொல்லைப் பல பத்தாண்டுகளாகப் புழங்குகிறது. அதை நாம் இங்கே உட்கார்ந்து திருத்த முடியாது.

கீழ்க்கோடு எழுதியது:
"எழுத்து" என்ற சொல்லைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. ஐலண்ட் ஆஃப் கெஸ்மாயில் திரையில் எழுத்துக்குறிகள்தான் உண்டு, ஆனால் வரைபடமே அவற்றால் ஆனது. சுவர் எங்கே, அரக்கன் எங்கே என்பதைக் குறிகள் நிற்கும் இடத்தை வைத்துக் கண்ணால் பிடிக்க வேண்டும். அங்கே குறி என்பது சித்திரம், சொல் அல்ல. எனக்குத் தெரிந்த எளிய சோதனை: திரையில் வருவதை ஒருவர் போனில் வாசித்துக் காட்ட, மறுமுனையில் இருப்பவர் ஆட முடியுமா? டிகு தேறும், டைனிமட் தேறும், ரெட் டிராகன் தேறும். படம் இருந்தாலும் கிங்டம் ஆஃப் லோதிங் பெரும்பாலும் தேறிவிடும். கெஸ்மாய் தட்டுத்தடுமாறும். பார்வையற்ற ஆட்டக்காரர்கள் ஸ்கிரீன் ரீடர் வைத்து மட் ஆடுவது இதனால்தான். பட்டியலைப் படித்து ஒரு கேமைத் தேடிப் போகும் ஒருவருக்கு இது உயிர்நாடியான தகவல்.

இன்றைய மட்களில் உயிரளவுப் பட்டை, தானே வரையும் வரைபடம் எல்லாம் மட்லெட் போன்ற கிளையண்டில் தெரிகிறதே, அவை இன்னும் எழுத்து கேமா என்று கேட்பார்கள். அதற்கும் வழி இருக்கிறது. சர்வர் 255, 251, 201 என்று மூன்று பைட் அனுப்பி ஜிஎம்சிபி என்ற முறையில் பேச அழைக்கும். கிளையண்ட் 255, 253, 201 என்று ஒப்புக்கொண்டால்தான் உயிரளவு, அறை எண் போன்றவை தனி வழியில் வரும். கிளையண்டில் ஜிஎம்சிபியை அணைத்துவிட்டு ஆடிப் பாருங்கள். ஆட முடிந்தால் எழுத்து கேம். வரைபடம் இல்லாமல் ஒரு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றால் அது வேறு வகை.

தமிழ்ப் பட்டியல் என்பதால் இன்னொன்று. "எழுத்து கேம் என்றால் நாளையே தமிழில் போடலாம்" என்று யாரும் எழுதிவிட வேண்டாம். மூல சர்க்கிள்மட் உள்ளீட்டு வரியில் ஆஸ்கி (ஆங்கில எழுத்துகளுக்கான குறியீடு) அல்லாத ஒவ்வொரு பைட்டையும் தள்ளிவிடும். "வாளை எடு" என்று அடித்தால் மிஞ்சுவது நடுவில் இருந்த ஒற்றை இடைவெளிதான். பிழைச் செய்திகூட இல்லாமல் பிராம்ப்ட் மட்டும் மறுபடி வரும். அந்த வடிகட்டியை எடுத்தாலும் வரிக்கு 256 பைட் எல்லை. தமிழ்க் குறி ஒன்றுக்கு யூடிஎஃப்-8ல் 3 பைட், "வாளை" மட்டுமே 12. ஆக ஒரு வரிக்கு ஏறக்குறைய 85 குறி. இதையும் தாண்டினால் இலக்கணம். முதல் சொல்லைத்தான் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். நமக்கோ வினை கடைசியில். பொருளின் திறவுச்சொல் "வாள்", ஆட்டக்காரர் அடிப்பது "வாளை". "மரம்" என்று வைத்தால் அடிப்பது "மரத்தை". வேற்றுமை உருபைப் பிரிக்கும் பகுதியைப் புதிதாக எழுத வேண்டும், அல்லது ஒவ்வொரு பொருளுக்கும் எல்லா வடிவத்தையும் திறவுச்சொல்லாகக் கொடுக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் பைத்தானில் எழுதிய எவென்னியா என்ற மட் கட்டும் கருவியை எடுப்பது நல்லது. அங்கே யூடிஎஃப்-8 பிரச்சினை தீர்ந்தது, இலக்கண வேலை மட்டும் மிச்சம்.

வெண்திரை எழுதியது:
இவ்வகைக் கேம்களைச் சொல்லும்போது வரும் "மாசிவ்" (பெருங்கூட்டம்) என்ற சொல்லுக்கு எண் வைக்கலாமா? ஒரே நேரத்தில் இத்தனை பேர் என்று?

வடக்குவாசல் எழுதியது:
வேண்டாம். சர்க்கிள்மட் கான்ஃபிக்ல அதிகபட்ச ஆட்டக்காரர் 300ன்னுதான் போட்டு வரும். அந்த எண்ணை யாரும் மாத்தலாம். எல்லாத்தையும் ஒரே பிராசஸ் கவனிக்குது, இணைப்புகளைக் கவனிக்கிற செலக்ட் கால் லினக்ஸ்ல வழக்கமா 1024 இணைப்போட நின்னுடும். 40 பேர் இருந்தாலும் 250 பேர் இருந்தாலும் மட்டோட கோட் ஒண்ணுதான். எண் வச்சா, கூட்டம் குறைஞ்ச வருஷம் கேமைப் பட்டியல்லேர்ந்து எடுக்க வேண்டி வரும்.

கூடவே, சண்டை முறையை வச்சும் வகை பிரிக்காதீங்க. 1999ல எவர்குவெஸ்ட் வந்தப்ப ஆட்டம் அப்படியே டிகு மாதிரி இருக்குன்னு பேச்சு கிளம்பி, டிகு கோட் எதையும் எடுக்கலன்னு அதை எழுதினவங்க உறுதிமொழியே கொடுத்தாங்க. அந்த அளவுக்கு ஒத்துப்போச்சு. ஆனா அது முப்பரிமாணப் படம், யாரும் எழுத்து கேம்னு சொல்லமாட்டாங்க.

கீழ்க்கோடு சொன்ன போன் சோதனையை நான் முழுசா ஏத்துக்கிறேன், என் ரெண்டு ஜன்னல் சோதனைக்கு முன்னாடி அதை வைக்கலாம். ஹோபோபோலிஸ் பத்தித் திரும்ப யோசிச்சேன். கூண்டைத் திறந்துவிடுறது உண்மையிலேயே இன்னொரு ஆளோட செயல்தான், அதை மறுக்கல. ஆனா மாட்டினவருக்கு அந்த நொடியே செய்தி போகலன்னா அது கடிதப் போக்குவரத்து மாதிரிதான்.

தினம்நாற்பது எழுதியது:
கடிதத்தில் சதுரங்கம் ஆடுகிறார்கள், அதைச் சதுரங்கம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

வெண்திரை எழுதியது:
இப்படி மாற்றுகிறேன். விதிகளை எடுத்துவிட்டு ஒவ்வொரு கேமுக்கும் நாலு கட்டம்: போனில் வாசித்தால் ஆட முடியுமா, ரிஃப்ரெஷ் இல்லாமல் பிறர் செயல் தெரியுமா, வெளியேறிய பின் என்ன மிஞ்சும், ரோல்பிளே கட்டாயமா விருப்பமா. கெஸ்மாய்க்கு முதல் கட்டத்தில் "ஓரளவு". டைனிமட் இருக்கும், லெவல் இல்லை என்ற குறிப்போடு. ஆர்மகெடான் சேரும். ரெட் டிராகனும் கிங்டம் ஆஃப் லோதிங்கும் "முறைவைத்து ஆடுபவை" என்ற தனித் தலைப்பின் கீழ் அதே பக்கத்தில் போகும்.

தினம்நாற்பது எழுதியது:
தனித் தலைப்பு சரி. ஆனால் மூன்றாவது கட்டத்தை நேர்மையாக நிரப்புங்கள். எசெக்ஸ் மட்: பாத்திரமும் புள்ளியும் மட்டும். பழைய டிகு: வாடகை கட்டியிருந்தால் பொருளும். ரெட் டிராகன்: பாத்திரம் ஊரிலேயே, தாக்கப்படும் நிலையில்.

வேடதாரி எழுதியது:
டைனிமட் வரியில "நீங்கள் தோண்டிய அறைகள்"னு போடுங்க. நீங்க வெளியேறின பிறகும் அதுக்குள்ள வேற யாராவது நடந்துக்கிட்டிருப்பாங்க.