ஜேர்மனிக்குப் புதிதாக வந்த வன்னிப் பிள்ளைகளுக்கு: சனி ஞாயிறில் என்ன செய்வது?

வட்டக்கச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். நான்கு கிழமை லீவில் வந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுத் தம்பி அடுத்த மாதம் ஜேர்மனிக்கு வெளிக்கிடுகிறான். நேற்றுப் பின்னேரம் வந்து என்ன ஜக்கெட் வாங்குவது, எத்தனை கிலோ மிளகாய்த்தூள் கொண்டுபோகலாம், வங்கிக் கணக்கு எப்படித் திறப்பது என்றெல்லாம் கேட்டான். எழும்பிப் போகிற நேரத்தில், "அண்ணை, சனி ஞாயிறில அங்க என்ன செய்யிறது?" என்றான்.

ஜக்கெட்டுக்கும் மிளகாய்த்தூளுக்கும் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். முதல் வருடம் ஆளைச் சரிக்கிறது அந்த இரண்டு நாளும்தான். அறையில் படுத்திருந்து ஊருக்கு வாட்ஸ்அப் எடுப்பது, அது அலுத்தால் யாருடையதோ சாமத்தியவீட்டு ஹோல். நான் இரண்டரை வருடம் அப்படித்தான் கழித்தேன்.

தம்பிக்கு நான் சொன்ன பதில்: கிளைடர். எஞ்சின் இல்லாத விமானம். அவன் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். உள்ளே இருந்த அம்மா சிரிக்கவில்லை. "கிபிருக்குத் தப்பினது ஆகாயத்தில இருந்து விழுந்து சாகவோ?" கிபிர் என்றால் போர்க்காலத்தில் எங்கள் மேல் குண்டு போட்ட விமானம்.

முதலே ஒன்று சொல்லிவிடுகிறேன். வந்த கடன் கழுத்தில் இருக்கிறவர்களும் மொழி வகுப்பை இன்னும் தொடங்காதவர்களும் இதை முழுதாகப் பழகுவது பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். ஆனால் ஒருமுறை ஏறிப் பார்க்கலாம். நான் முதல்தரம் ஏறக் கொடுத்தது 35 யூரோ. சாமத்தியவீட்டுக்கு வைக்கிற கவரை விடக் குறைவு.

போனில் "சேகல்ஃபுளூக்" என்று உங்கள் ஊர்ப் பெயரோடு தேடுங்கள். கிளைடர் பறப்புக்கு ஜேர்மன்காரர் சொல்கிற பெயர் அது. எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டால் வேலையிடத்தில் யாரிடமாவது கேளுங்கள், கதைக்க ஒரு சாட்டும் ஆகும். அங்கே இது பெரும்பாலும் ஃபெராயின் கையில் இருக்கிறது. ஃபெராயின் என்றால் எங்கள் ஊர் விளையாட்டுக் கழகம் மாதிரி: ஆட்கள் சந்தா கட்டி, தாங்களே புல் வெட்டி, தாங்களே திருத்தி நடத்துவது. பழக்குகிறவர்களும் சம்பளம் வாங்குவதில்லை. பறப்புக் காலம் ஏறக்குறைய ஏப்ரலில் இருந்து ஒக்டோபர் வரை.

வன்னியில் வளர்ந்தவர்களுக்கு வானம் என்றால் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை. கிபிர் சத்தம் கேட்டால் பங்கர். வண்டு என்று நாங்கள் சொல்கிற வேவு விமானம் இரைந்தால் இரவு முழுக்க நித்திரை இல்லை. நான் 2011இல் ஜேர்மனிக்கு வந்தேன். மூன்று வருடம் ஆகியும், கோடையில் மேலே ஒரு சின்ன விமானம் இரைந்தால் எனக்கு முதுகு கூசும், கண் தானாக ஒரு பள்ளத்தைத் தேடும். கூட வேலை செய்த ஒரு வயதானவர் கிளைடர் பழக்குகிறவர். "சனிக்கிழமை வாவன்" என்று அவர் கூப்பிட்டபோது மூன்று சனிக்கிழமை சாட்டுச் சொன்னேன். நாலாவது சனி சாட்டு முடிந்துவிட்டது.

போய்ப் பார்த்தால் அங்கே நடப்பது பட்டம் ஏற்றுகிற வேலை. சின்னனில் எட்டுமூலைப் பட்டம் ஏற்றினது நினைவிருக்கிறதா? ஒருவன் பட்டத்தைத் தூக்கிப் பிடிப்பான், மற்றவன் நூலோடு தூரத்தில் நிற்பான், "விடு" என்றதும் இழுத்துக்கொண்டு ஓடுவான். இங்கே நூலுக்குப் பதில் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் நீளக் கேபிள். ஓடுகிறவனுக்குப் பதில் மைதானத்தின் மற்ற அந்தத்தில் வின்ச், கேபிளைச் சுருட்டி இழுக்கிற இயந்திரம். செட்டை நுனியைப் பிடித்துச் சமப்படுத்திக்கொண்டு கொஞ்சத் தூரம் கூட ஓட ஒரு ஆள். நாங்கள் முச்சை கட்டுகிற மாதிரி, வயிற்றுக்குக் கீழே ஒரு கொக்கி.

ஏறமுதல் அந்த வயதானவர் ஒவ்வொரு பட்டியாக, ஒவ்வொரு பிடியாகத் தொட்டுத் தொட்டு வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்தார். எத்தனை வருடம் பறந்தவரும் அதைத் தாண்டிப் போவதில்லை. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் நிற்காமல் ஏ9 வீதியில் போகிற வாகனம் உண்டா? அதே கதைதான், கோயிலடிக் கச்சான் மட்டும் இல்லை. மஞ்சள் பிடி கேபிளைக் கழற்ற, நீலம் வேகத்தடைக்கு, சிவப்பு மேல்கண்ணாடியைக் கழற்றி எறிய. அவர் சொல்லும் வரை நீங்கள் ஒன்றையும் தொடாமல் இருந்தால் போதும்.

இழுப்பு தொடங்கி மூன்று செக்கனில் மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகம் வந்துவிடும். மூக்கு மேலே கிளம்பும், முதுகு ஆசனத்தோடு ஒட்டும், முன்னால் வானம் மட்டும்தான் தெரியும். ஒரு நிமிடம் ஆகமுதல் 400 மீற்றர் உயரம். பிறகு மூக்குப் படியும், கேபிள் கழரும், அப்போது "டக்" என்று ஒரு அடி கேட்கும். இந்த "டக்" பற்றித்தான் வன்னி ஆட்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் தலையைக் குனிந்து இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன். நானூறு மீற்றர் உயரத்தில், பட்டியெல்லாம் கட்டியபடி, பங்கருக்குள் இருக்கிற மாதிரி.

பின்னால் இருந்தவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் நானே கையை எடுத்தேன். இரைச்சல் இல்லை. குளக்கட்டில் இருந்து பெடல் மிதிக்காமல் சைக்கிளை விட்டால் காதில் காற்றுப் படுமே, அந்தச் சத்தம்தான். ஒரு விமானம் இருக்கிற வானம் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கீழே கடுகு மாதிரி ஒரு பயிர் மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருந்தது. மே மாதம். ஆறு நிமிடத்தில் இறங்கிவிட்டோம். இறங்கினதும் கால் நடுங்கினது, ஆனால் இன்னொருக்கால் போகலாமா என்று கேட்டேன்.

வின்ச் பயமாக இருந்தால், எஞ்சின் விமானத்தால் கட்டி இழுத்து ஏற்றுகிற முறையும் பல இடங்களில் உண்டு. காசு கூட, ஆனால் மெதுவாகப் போகும்.

சரி, எஞ்சின் இல்லாமல் மேலே எப்படி நிற்பது? இதற்கு எங்கள் ஊரே நல்ல பள்ளிக்கூடம். இப்போது மத்தியானம் பன்னிரண்டு மணி. சிறுபோகம் விதைக்காமல் விட்ட வயலுக்கு மேல் இரண்டு பருந்து செட்டை அடிக்காமல் சுற்றிச் சுற்றி ஏறுகின்றன. காய்ந்த நிலம் சுட்டு, அதன் மேல் காற்றும் சுட்டு, தூணாக எழும்புகிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீருக்கு மேல் இந்த நேரத்தில் அது கிடைக்காது, தண்ணீர் சுடச் சுணங்கும். ஜேர்மன்காரர் அந்தத் தூணைத் தெர்மிக் என்பார்கள். கிளைடர் செய்வதும் பருந்து செய்வதுதான்: தூணைக் கண்டால் அதற்குள் சுற்றுவது. செக்கனுக்கு இரண்டு மூன்று மீற்றர் ஏறும். ஏறும்போது வாரியோமீற்றர் என்ற கருவி கீச் கீச் என்று கத்தும். அங்கே எங்களோடு சுற்ற வருகிற பருந்துகளும் உண்டு. கருவியை விட அதுகளைத்தான் அவர் நம்பினார்.

நான் ஏறினது ஆ-எஸ்-கா 21 என்ற இரண்டு இருக்கைக் கிளைடர், செட்டை விரித்தால் 17 மீற்றர். ஆயிரம் மீற்றர் உயரத்தில் விட்டால், அசையாத காற்றில் ஏறக்குறைய 34 கிலோமீற்றர் போகும். கிளிநொச்சிக்கு மேல் விட்டால் மாங்குளத்தில் இறக்கலாம்.

ஒருநாள் மழை. கொட்டிலுக்குள் இருந்து கோப்பி குடிக்கும்போது அவர் இந்த விளையாட்டு வளர்ந்த கதையைச் சொன்னார். முதலாம் உலகப் போரில் தோற்றபின் 1919 வேர்சாய் ஒப்பந்தம் ஜேர்மனியின் எஞ்சின் விமானங்களுக்குக் கடும் தடை போட்டது. பெடியள் எஞ்சினை விட்டுவிட்டு, 1920இல் வாசர்குப்பே மலையில் கூடி, எஞ்சின் இல்லாமல் பறக்கப் போட்டி வைத்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. தொண்ணூறுகளில் எங்களுக்குப் பெற்றோல் தடை, மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடினோம், பற்றரித் தடை, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம் என்று எனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னேன். அந்த மனிதர் பேனை எடுத்து டைனமோவை எப்படிப் பூட்டுவது என்று கீறிக் காட்டச் சொன்னார். மொழி வகுப்பில் ஆறு மாதம் வாய் திறக்காத நான், அன்றைக்கு இரண்டு மணி நேரம் கதைத்தேன். என் ஜேர்மன் அந்தக் கொட்டிலில்தான் வந்தது.

பறக்காத நேரத்தில் சும்மா நிற்கவும் விடமாட்டார்கள். கேபிளை இழுத்துக்கொண்டு வருகிற பழைய வாகனத்தை ஓட்டுவது, செட்டை பிடிப்பது, யார் எத்தனை மணிக்கு ஏறினார் என்று எழுதுவது. லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் ஓட்டிப் பழகின எங்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? மைதானத்துக்குக் குறுக்கே மட்டும் ஒருபோதும் நடக்காதீர்கள். புல்லுக்குள் கேபிள் கிடக்கும், எப்போது இழுபடும் என்று தெரியாது.

முதல் தரம் போகிறவர்கள் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சுற்றும்போது வயிற்றைப் பிரட்டும். பிரட்டினால் தூரத்தில் அடிவானத்தைப் பாருங்கள், உடனே சொல்லுங்கள், இறக்கிவிடுவார்கள். கண்ணாடிக்குக் கீழே வெயில் சுடும், தொப்பியும் தண்ணீரும் வேண்டும். செருப்பு வேண்டாம், சப்பாத்து.

இனி, இதை எழுதப்போகிறேன் என்று தெரிந்த ஆட்களுக்குச் சொன்னதும் நேற்றிரவில் இருந்து வந்த கேள்விகள்.

விசுவமடுத் தங்கச்சி ஒருத்தி, முதுகில் செல் குண்டுத் துண்டு இருக்கிறது, ஏறலாமா என்று கேட்டிருக்கிறா. தங்கச்சி, இதற்கு நான் பதில் சொல்லக்கூடாது. உங்கள் டொக்டரிடம், வின்ச் இழுப்பில் முதுகில் பாரம் விழும், இறங்கும்போது குலுக்கும் என்று விளக்கமாகச் சொல்லிக் கேளுங்கள். ஃபெராயினிலும் மறைக்காதீர்கள். ஓடிப் பழகி, தனியாகப் பறக்கிற கட்டம் வந்தால் மருத்துவச் சான்றிதழ் எப்படியும் கேட்பார்கள்.

லைசன்ஸ் எடுக்க எவ்வளவு காலம்? ஐரோப்பிய விதிப்படி குறைந்தது 15 மணி நேரப் பயிற்சிப் பறப்பும், 45 தரம் ஏறி இறங்குவதும் வேண்டும். கோடையில் ஒழுங்காகப் போனாலும் இரண்டு வருடம் என்று வையுங்கள். 14 வயதில் தனியாகப் பறக்கலாம், 16இல் லைசன்ஸ். காசு ஃபெராயினுக்கு ஃபெராயின் வேறு, எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஜேர்மனியில் கார் லைசன்ஸே பலருக்கு 3000 யூரோவைத் தாண்டுகிற காலம் இது, அதை நினைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள். உங்கள் விபத்துக் காப்புறுதியையும் வாசியுங்கள். பயணியாக இருந்தால் சரி, விமானியாக ஓட்டினால் இல்லை என்று எழுதியிருக்கிற ஒப்பந்தங்கள் உண்டு.

லண்டன் அண்ணை ஒருவர், கேபிள் அறுந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. கிளைடருக்குப் பக்கத்தில் கேபிளில் வேண்டுமென்றே பலம் குறைந்த ஒரு துண்டு போட்டிருப்பார்கள். அளவுக்கு மிஞ்சி இழுத்தால் செட்டைக்குச் சேதம் வரமுதல் அது அறும். அறுந்த உடனே மூக்கைக் கீழே குத்தி வேகம் எடுத்து, இடம் இருந்தால் நேரே, இல்லாவிட்டால் சுற்றி வந்து இறக்குவது. தனியாக விடமுதல் இதைத் திரும்பத் திரும்பப் பழக்குவார்கள். முதல்தரம் தனியாகப் பறந்து இறங்கினால் என்ன நடக்கும் என்று கேட்கிறீர்களா? எல்லோரும் வரிசையில் நின்று பின்பக்கத்தில் ஒவ்வொரு அடி போடுவார்கள். தெர்மிக்கை இருக்கையால் உணர வேண்டுமாம், அதற்காக. கையில் முள்ளுச்செடிப் பூங்கொத்து வேறு. எனக்கும் விழுந்தது, அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

சாப்பாடு: அங்கே பின்னேரத்தில் சொசேஜ் வாட்டுவார்கள். சைவக்காரர் பசியோடு நிற்க வேண்டாம், மரக்கறி ரோல்ஸ் செய்துகொண்டு போங்கள். முப்பதாவது செய்தால்தான் உங்களுக்கு ஒன்று மிஞ்சும்.

பக்கத்து வீட்டுத் தம்பி இப்போது வந்து வாசித்துவிட்டு, "என்னைக் கூட்டிக்கொண்டு போவீங்களோ?" என்கிறான். செப்டெம்பர் கடைசியில்தான் அவன் இறங்குகிறான். அடுத்து வருகிற இரண்டு சனிக்குள் வெயில் எறித்தால் பறக்கலாம். தவறினால் ஏப்ரல் வரை கொட்டிலுக்குள் செட்டைக்கு மெழுகு தேய்க்கிற வேலைதான். அதற்கும் வருகிறேன் என்கிறான்.