எந்த அலெக்ஸாந்த்ரோவ்கா? ரஷ்ய ஊர்ப்பெயர்க் குழப்பம்: அனுபவப் பகிர்வு

ரஷ்யச் சான்றிதழ் ஒன்றில் பிறந்த இடம் வெறும் "அலெக்ஸாந்த்ரோவ்கா" என்று இருந்தால் வரைபடத்தில் தேடிப் பயனில்லை. அந்தப் பெயரில் நூற்றுக்கு மேல் கிராமங்கள் உண்டு. மிஹாய்லோவ்கா, இவானோவ்கா, பெர்யோசொவ்கா எல்லாம் இதே கதைதான். ஓப்லஸ்த் (மாநிலம் போன்றது), ராயோன் (வட்டம்), கிராம சபை மூன்றும் கையில் இருந்தால்தான் ஊர் பிடிபடும். ராயோன் வரை தெரிந்தால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். போதாது. ஒரே ராயோனில் ஒரே பெயரில் இரண்டு ஊர் இருப்பது அங்கே சாதாரணம். தவிர, ராயோன் பெயர்களே திரும்பத் திரும்ப வரும். கிரோவ்ஸ்கி ராயோன், அக்த்யாபிர்ஸ்கி ராயோன் என்று பல நகரங்களில் இருக்கின்றன.

பெயருக்கு முன்னால் ஊரின் வகையைக் குறித்து நிற்கும் சுருக்க எழுத்தையும் விடாதீர்கள். செலோ, தெரெவ்ன்யா, பசோலக் (குடியிருப்பு), ஹூதர் (பண்ணைக் குடியிருப்பு) எல்லாவற்றையும் "கிராமம்" என்று மொழிபெயர்த்துவிட்டால், இரட்டை ஊர்களைப் பிரித்துக்காட்டும் ஓர் அடையாளம் போய்விடும். பழைய வழக்கில் தேவாலயம் உள்ள ஊர் செலோ, இல்லாதது தெரெவ்ன்யா. மொழிபெயர்ப்பில் அந்தச் சொல்லை அப்படியே ஒலிபெயர்த்து வைப்பதே நல்லது.

---

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பெயரே பாதித் துப்பு கொடுக்கும். நிகோல்ஸ்கொயே, பக்ரோவ்ஸ்கொயே, த்ரோயித்ஸ்கொயே போன்றவை பெரும்பாலும் ஊர்க் கோயிலின் பெயரிலிருந்து வந்தவை (புனித நிக்கலஸ், மாதாவின் பக்ரோவ் திருநாள், திரித்துவம்). நிக்கலஸ் கோயில் எங்கும் இருந்ததால் நிகோல்ஸ்கொயேவும் எங்கும் இருக்கிறது. "-ஓவ்கா" என்று முடிபவற்றில் பல, நிலக்கிழாரின் அல்லது அவர் வீட்டு ஆளின் முதற்பெயர். முதற்பெயர்கள் கொஞ்சம், கிழார்கள் ஏராளம். வேறு என்ன ஆகும்?

பெர்வமாய்ஸ்கி (மே தினம்), அக்த்யாபிர்ஸ்கி (அக்டோபர்) மாதிரிப் பெயர்கள் சோவியத் காலத்தவை. 1917க்கு முந்தைய பதிவேட்டில் இவற்றைத் தேடுவது வீண் வேலை. பழைய பெயரைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். சோவெத்ஸ்க் என்ற பெயரில் மட்டும் மூன்று நகரங்கள். கலீனின்கிராத் ஓப்லஸ்தில் இருப்பது 1946 வரை தில்சித். கிரோவ் ஓப்லஸ்தில் இருப்பது முன்பு குகார்கா. மூன்றாவது தூலா ஓப்லஸ்தில். கிரோவ் நகரமும் இரண்டு: பெரியது 1934 வரை வ்யாத்கா, இன்னொன்று கலூகா ஓப்லஸ்தில் உள்ள சிறு நகரம்.

---

பயணச்சீட்டு எடுப்பவர்களுக்கு: நகரப் பெயரை நம்பாமல் நிலையப் பெயரைப் பாருங்கள். டான் நதிக்கரை ரோஸ்தோவின் முக்கிய நிலையம் ரோஸ்தோவ்-கிளாவ்னி. மாஸ்கோவுக்கு வடகிழக்கே சுமார் 200 கி.மீ. தொலைவில் இருக்கும் பழைய ரோஸ்தோவுக்கு ரோஸ்தோவ்-யரஸ்லாவ்ஸ்கி. தெற்கே போக வேண்டியவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் ஆயிரம் கி.மீ.க்கு மேல் தவறிப் போவார். நோவ்கொரோத் சிக்கலை 1999இல் ஓரளவு தீர்த்தார்கள். வோல்ஹவ் நதிக்கரை நகரம் அதிகாரபூர்வமாக வெலீக்கி நோவ்கொரோத் ஆனது. அதற்கு முந்தைய தாள்களில் "நோவ்கொரோத்" என்றால் அதுதான். வோல்கா கரையில் இருப்பது நீஷ்னி நோவ்கொரோத். 1932 முதல் 1990 வரை அதன் பெயர் கோர்க்கி.

ஷெலெஸ்னகோர்ஸ்க் பெயரில் கவனம் வேண்டும். கூர்ஸ்க் ஓப்லஸ்தில் இருப்பது இரும்புத்தாது நகரம், யாரும் போகலாம். க்ரஸ்னயார்ஸ்க் பகுதியில் இருப்பது மூடிய நகரம், அனுமதிச்சீட்டு இல்லாமல் வாசலிலேயே நிறுத்துவார்கள். மீர்னியும் அப்படித்தான்: யாகூத்தியாவில் இருப்பது வைரச் சுரங்க ஊர், அர்ஹாங்கெல்ஸ்க் ஓப்லஸ்தில் இருப்பது பிளெசெத்ஸ்க் ஏவுதள ஊர்.

---

முகவரிப் பட்டியலைக் கணினியில் கையாள்பவர்கள் பெயரை வைத்து இரண்டு அட்டவணைகளை இணைக்கவே கூடாது. குறியீட்டை வைத்து இணையுங்கள். பழைய கிளாத்ர் (KLADR, ரஷ்ய முகவரிகளின் வகைப்பாட்டுப் பட்டியல்) குறியீட்டில் ஊருக்கு 13 இலக்கம்: மாநிலத்துக்கு 2, ராயோனுக்கு 3, நகரத்துக்கு 3, ஊருக்கு 3, கடைசி 2 அந்தப் பதிவு நடப்பில் உள்ளதா என்பதற்கு. கடைசி இரண்டும் 00 ஆக இல்லையென்றால் அது பழைய பதிவு. அதைக் கவனிக்காமல் இறக்கினால் ஒரே ஊர் இரண்டாகத் தெரியும்.

இன்னொரு தொல்லை "யோ" எழுத்து. அச்சில் அதன் மேல் இரு புள்ளிகளை விட்டுவிடுவார்கள், அப்போது அது "யெ" ஆகிவிடும். பெர்யோசொவ்காவைத் தேடும்போது இரண்டு எழுத்துக்கூட்டலையும் கொடுங்கள், இல்லையேல் பாதி ஊர்கள் வராது. கடிதம் என்றால் ஆறு இலக்க அஞ்சல் எண்தான் உயிர். முதல் மூன்று இலக்கம் பகுதியைக் காட்டும். அது தவறினால் ஊர்ப்பெயர் சரியாக இருந்தும் கடிதம் வேறு மாநிலத்து நிகோல்ஸ்கொயேவுக்குப் போகும்.

---

குடும்ப வேர் தேடுபவர்கள் 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் அச்சான "பேரரசின் குடியிருப்புப் பட்டியல்" தொகுதிகளைப் பாருங்கள், மாகாணவாரியாக இருக்கும். ஊர் எந்த ஆற்றங்கரையில், உயெஸ்த் (மாகாணத்தின் உட்பிரிவு) தலைநகரிலிருந்து எத்தனை வெர்ஸ்த் என்று இருக்கும். ஒரு வெர்ஸ்த் 1.067 கி.மீ. 30 வெர்ஸ்த் என்றால் 32 கி.மீ. ஆரத்தில் வட்டம் போட்டு, அது அந்த ஆற்றை வெட்டும் இடத்தைச் சுற்றித் தேடலாம். தூரம் சாலை வழி அளந்ததாக இருக்கலாம் என்பதால் வட்டத்துக்கு உள்ளேயும் பாருங்கள். ஊர்ப்பெயர் மாறும், ஆற்றின் பெயர் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

அடிக்கடி நடக்கும் தவறு, அன்றைய மாகாணத்தை இன்றைய ஓப்லஸ்தாக எடுத்துக்கொள்வது. அன்றைய சராதவ் மாகாணத்தின் த்ஸரீத்ஸின், கமீஷின் உயெஸ்த்களின் பெரும்பகுதி இன்று வோல்ககிராத் ஓப்லஸ்தில். சராதவ் ஆவணக்காப்பகத்துக்கு மட்டும் எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

---

கடைசியாக ஒரு சின்னக் குறிப்பு. செல்யாபின்ஸ்க் ஓப்லஸ்தில் பரீஷ் (ஆமாம், பாரிஸ்தான்) என்றொரு செலோ உண்டு. நெப்போலியன் போர் நினைவாக வைத்த பெயர். மஸ்க்வா என்ற பெயரில், அதாவது மாஸ்கோ என்றே, த்வேர், ப்ஸ்கோவ், கிரோவ் ஓப்லஸ்த்களில் கிராமங்கள் உண்டு. பிறந்த இடம் "தெரெவ்ன்யா மஸ்க்வா" என்றிருந்தால், முதல் சொல்லைப் பிழை என்று நீக்கித் தலைநகராக்கிவிடாதீர்கள்.