பைசன் உருவாக்கும் பார்சர் கோப்புகளை கிட்டில் வைக்கலாமா?

கேள்வி:
வணக்கம். பார்சர்.ஒய் என்ற இலக்கணக் கோப்பிலிருந்து பைசன் (இலக்கண விதிகளைப் படித்து, உள்ளீட்டைப் பகுத்தாயும் பார்சர் நிரலை எழுதித் தரும் கருவி) உருவாக்கித் தரும் பார்சர்.சி, பார்சர்.எச் இரண்டையும், நிரலின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட்டிலேயே வைத்திருக்கிறோம். என் கணினியில் ஒழுங்காக முடியும் பில்ட், நிரலைத் தானாக பில்ட் செய்து சோதிக்கும் சிஐ சர்வரில் மட்டும் அவ்வப்போது பைசன் இல்லை என்று நின்றுவிடுகிறது. ஒரு வரிகூட மாற்றாமல் மறுபடி ஓட்டினால் முடிந்துவிடுகிறது. சர்வரில் பைசனை நிறுவிய பிறகு அந்தப் பிழை போய்விட்டது. ஆனால் பில்டை நடத்தும் மேக் கருவியை எட்டு வேலைகளுடன் இணையாக ஓட்டும்போது, பார்சர்.சி பாதியில் அறுந்திருப்பதாகக் கம்பைலர் சில சமயம் சொல்கிறது. எங்கே தவறு?

மறுமொழி 1:
முதல் பிழைக்குக் காரணம் நேர முத்திரை. கோப்பு கடைசியாக மாறிய நேரத்தை கிட் சேமிப்பதில்லை. குளோன் செய்யும்போது (கிட்டிலிருந்து புதிய நகல் எடுக்கும்போது) வட்டில் எழுதப்படும் நேரமே அதன் நேரமாகிறது. ஆங்கில அகரவரிசையில் பார்சர்.ஒய் கடைசியில் வருவதால் பெரும்பாலும் அதுவே கடைசியாக எழுதப்படும். மூன்றுக்கும் ஒரே முத்திரை விழுந்தால் தப்பித்தீர்கள். சில மில்லிநொடி பிந்தினாலும், பார்சர்.சி பழையது என்று கொண்டு மேக் பைசனைத் தேடும்.

மறுமொழி 2:
இரண்டாவது பிழை, எதிலிருந்து எதை உருவாக்குவது என்று மேக்குக்குச் சொல்லும் விதியில் இருக்கிறது. "பார்சர்.சி பார்சர்.எச் : பார்சர்.ஒய்" என்று எழுதியிருப்பீர்கள் என நினைக்கிறேன். ஒரே கட்டளை இரண்டு கோப்புகளையும் தருகிறது என்று மேக் இதைப் புரிந்துகொள்வதில்லை; இரண்டு தனி விதிகளாகவே எடுத்துக்கொள்வதால், இணையாக ஓடும்போது பைசன் இருமுறை கிளம்பி ஒரே கோப்பின்மேல் எழுதுகிறது. 2020இல் வந்த குனு மேக் 4.3 முதல், ":" இருக்கும் இடத்தில் "&:" என்று எழுதினால் போதும். மேக்ஓஎஸ்ஸுடன் வரும் 3.81க்கு இது தெரியாது; அங்கே "%" கொண்ட வடிவ விதிதான் வழி.

மறுமொழி 3:
கிட்டிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. பைசனின் பதிப்பு மாறினாலே, யாரும் படித்துச் சரிபார்க்க முடியாத எண் அட்டவணைகள் நூற்றுக்கணக்கான வரிகளில் மாறி நிற்கும். 2024இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் கண்டுபிடிக்கப்பட்ட பின்கதவைத் தூண்டிய பில்ட் நிரல்வரி வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தது, கிட்டில் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. மூலத்திலிருந்து மறுபடி உருவாக்கி ஒப்பிடாத கோப்பை நம்ப இடமில்லை. எடுக்க முடியாவிட்டால், சிஐயில் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கி, கிட் டிஃப் (கோப்புகளை ஒப்பிடும் கட்டளை) வேறுபாடு காட்டினால் பில்டை நிறுத்துங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. "&:" போட்டு, இரண்டு கோப்புகளையும் கிட்டிலிருந்து நீக்கிவிட்டேன். இப்போது புதிய குளோனில், பார்சர்.எச் உருவாகும் முன்பே, அதைப் பயன்படுத்தும் லெக்சர்.சி கம்பைல் ஆகத் தொடங்குகிறது.

மறுமொழி 2:
லெக்சர்.சியிலிருந்து கம்பைல் ஆகும் லெக்சர்.ஓவின் விதியில் "|" குறிக்குப் பின் பார்சர்.எச்சைச் சேர்த்துவிடுங்கள். முதல் பில்டில் அது முன்னதாக உருவாகும். அடுத்த பில்டுகளுக்கு, கம்பைலரின் எம்எம்டி தெரிவு எழுதித் தரும் சார்புக் கோப்பு பார்த்துக்கொள்ளும்.