1,18,000 கி.மீ. ஓடிய மஹிந்திரா தார், 42,000 ஓடிய தார்: எதை எடுப்பது?

சிறுவாணிச்சாரல் (கேள்வி)

பழைய மஹிந்திரா தார் சிஆர்டிஇ (டீசல்) ஃபோர் வீல் டிரைவ் ஜீப் எடுக்கப் பார்க்கிறேன். கைக்கு எட்டியவை இரண்டு. இரண்டுமே 2016 மாடல், பின் ஆக்ஸிலில் லாக்கர் (ஒரு சக்கரம் வெறுமனே சுழன்றால் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் அமைப்பு) உள்ளவை. முதல் வண்டி 1,18,000 கி.மீ., ஒரே ஓனர், கோவைக்கும் வால்பாறைக்கும் போய்வந்தது, சர்வீஸ் பில்கள் இருக்கின்றன, கம்பெனி அமைப்பில் எதையும் மாற்றவில்லை. இரண்டாவது 42,000 கி.மீ., மூன்றாவது ஓனர், 265/75 ஆர்16 டயர், லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்துவது), ஸ்நார்க்கல் (எஞ்சினுக்கு மேலிருந்து காற்றெடுக்கும் குழாய்), வின்ச் (சிக்கினால் இழுக்கும் கயிற்று உருளை). ஒன்றரை லட்சம் கூடுதல் விலை. வீட்டில் "லட்சம் தாண்டின வண்டியா?" என்று முகம் சுளிக்கிறார்கள். எனக்கு மாதம் ஓரிரு முறை காட்டுப்பாதை, மற்றபடி ஊருக்குள் ஓட்டம். கிலோமீட்டரை எந்த அளவுக்குப் பார்க்க வேண்டும்?

பட்டறைக்கணக்கு

கிலோமீட்டரை மணிக்கணக்காக மாற்றிப் பாருங்கள். முதல் வண்டி சராசரி 50 கி.மீ. வேகத்தில் ஓடியதென்று வைத்தால் 1,18,000-க்கு எஞ்சின் ஓடிய நேரம் ஏறக்குறைய 2,360 மணி. இரண்டாவது வண்டியில் 6,000 கி.மீ. சேற்றிலும் பாறையிலும் 8 கி.மீ. வேகத்தில் போயிருந்தால் அதற்கே 750 மணி. மிச்சம் 36,000-ஐ ஊருக்குள் 45-இல் ஓட்டியிருந்தால் 800 மணி. மொத்தம் 1,550. மீட்டரில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம், எஞ்சினுக்கு ஒன்றரை மடங்குதான். அந்த 750 மணியும் முதல் கியரில், ஃபோர் லோவில் (நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுழலும் நிலை), கிளட்சைப் பாதி மிதித்தபடி, ரேடியேட்டருக்குக் காற்றோட்டமே இல்லாமல் போன நேரம்.

இன்னொன்று டயர். கம்பெனி டயர் 235/70 ஆர்16, விட்டம் சுமார் 735 மி.மீ. 265/75-இன் விட்டம் 804 மி.மீ. மீட்டர் எண்ணுவது சுற்றுகளைத்தான், அதனால் பெரிய டயர் போட்ட நாளிலிருந்து ஒவ்வொரு 100 கி.மீ.க்கும் 109 ஓடியிருக்கும். வேகமும் குறைத்தே காட்டும். ஆரம்பத்திலிருந்தே அந்த டயர் என்றால் 42,000 என்பது 46,000-க்குப் பக்கம். வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் அந்த எடையைச் சுழற்றுவதும் நிறுத்துவதும் அதே பழைய கிளட்ச், அதே வீல் பேரிங், அதே பிரேக்.

இரண்டும் ஒழுங்கான நிலையில் இருந்தால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

நாலுசக்கர நாட்டான்

மேலே சொன்னது சரி. ஆனா ரெண்டையும் அடியில படுத்துப் பாக்காம முடிவு பண்ணாதீங்க. பழைய பாய் ஒண்ணு, டார்ச், ஒரு நீளக் கடப்பாரை எடுத்துட்டுப் போங்க.

முதல்ல ஆயில். முன்னாடியும் பின்னாடியும் டிஃபரன்ஷியல் (ஆக்ஸில் நடுவுல இருக்கிற பல்சக்கர உருண்டை) ஃபில்லர் பிளக்கைக் கழட்டி விரலை விட்டுப் பாருங்க. பால் காப்பி நிறத்துல வந்தா உள்ள தண்ணி போயிருக்கு. ஓடிச் சூடான ஆக்ஸில் ஆத்துல இறங்கினதும் உள்ள இருக்கிற காத்து சுருங்கும். பிரீதர் (ஆக்ஸில் மூச்சு விடற குழாய்) அடைச்சிருந்தா ஆயில் சீல் வழியா தண்ணிய உறிஞ்சிக்கும். ஸ்நார்க்கல் போட்டவங்க நிறைய பேர் பிரீதர் குழாயை மேல ஏத்தி விடறதே இல்ல. எஞ்சினை மட்டும் காப்பாத்திட்டு ஆக்ஸிலை முழுகடிச்சிருப்பாங்க. டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸிலுக்கு சக்தியைப் பிரிச்சு விடற பெட்டி), கியர்பாக்ஸ் ஆயிலையும் இதே மாதிரி பாருங்க.

அடுத்து லிஃப்ட். தார்ல முன்னாடி டார்ஷன் பார், அதாவது ஸ்பிரிங் மாதிரி முறுக்கிக்கிற இரும்புத் தடி. காசு மிச்சம் பிடிக்க அதோட போல்ட்டை முறுக்கியே வண்டிய தூக்கியிருப்பாங்க. அப்ப டிரைவ் ஷாஃப்ட் கோணம் செங்குத்தாயிடும், சிவி ஜாயிண்ட் (சக்கரம் திரும்பினாலும் சக்தி கொண்டு போற மூட்டு) மேல இருக்கிற ரப்பர் பூட் கிழியும், பூட்டுக்குள்ள மண்ணு போனா ஜாயிண்ட் காலி. முன்சக்கரத்தை ஜாக்கியில தூக்கி, டயருக்கு அடியில கடப்பாரையைக் குடுத்து நெம்புங்க. மேலும் கீழும் ஆட்டம் இருந்தா பால் ஜாயிண்ட் இல்ல வீல் பேரிங், இடவலமா ஆடினா டை ராட் எண்ட். பின்னாடி லீஃப் ஸ்பிரிங் மாட்டற ஹேங்கர் பக்கமும், ஷாக் அப்சார்பர் மவுண்ட் பக்கமும் சேஸிஸ்ல வெல்டிங் ஒட்டுப் போட்ட அடையாளம் இருந்தா, இல்ல அங்க மட்டும் புது பெயிண்ட் மின்னினா, பேச்சே வேணாம், கிளம்பிடுங்க. ஸ்பிரிங், ஜாயிண்ட் எல்லாம் வாங்கி மாட்டிக்கலாம், முறுக்கின சேஸிஸை என்ன பண்றது?

சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. சுருள் உள்ள இருக்கிற கடைசி ஒரு முழத்துல சேத்துக் கோடு இருந்தா வண்டிக்குள்ள வரைக்கும் தண்ணி ஏறியிருக்கு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல சென்னையில முழுகின வண்டிங்க கழுவித் தொடைச்சு வேற ஊர் சந்தைக்கு வரலாம், அதனால இதை ரெண்டு வண்டியிலயும் பாருங்க.

சிறுவாணிச்சாரல்

நன்றி அண்ணா. லாக்கர் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டாவது வண்டிக்காரர் "அதெல்லாம் ஆட்டோமேட்டிக்" என்று சொல்லி நகர்ந்துவிட்டார்.

நாலுசக்கர நாட்டான்

ஆட்டோமேட்டிக்தான், அவர் பொய் சொல்லல. ரெண்டு பின்சக்கரத்துக்கும் சுத்துற வேகத்துல பெரிய வித்தியாசம் வந்தா தானா பிடிச்சுக்கும். ஒரு பள்ளத்துல குறுக்கா இறக்கி, ஒரு பின்சக்கரம் அந்தரத்துல நிக்கிற மாதிரி வைங்க. டூ வீல் டிரைவ்லயே முதல் கியர், மெதுவா ஆக்சிலேட்டர். தூக்கின சக்கரம் கொஞ்சம் வெறுமனே சுத்தி, "டக்"னு பிடிச்சு வண்டி ஏறணும். சுத்திக்கிட்டே நின்னா லாக்கர் போச்சு. முன்னாடி பின்னாடி ஆள் யாரும் நிக்கக் கூடாது.

ஃபோர் ஹை (சாதா வேகத்துல நாலு சக்கர இழுவை), ஃபோர் லோ ரெண்டையும் மண் தரையில போட்டுப் பாருங்க, லோ போடும்போது வண்டி நிக்கணும், நியூட்ரல்ல இருக்கணும். தார் ரோட்டுல ஃபோர் ஹை போட்டு வளைக்காதீங்க. இறக்கத்துல காலை எடுக்கும்போது லிவர் தானா வெளிய துள்ளினா டிரான்ஸ்ஃபர் கேஸ் பிரிக்கணும்.

டீசல்புகை

கிலோமீட்டரே பொருட்டில்லை என்ற முடிவுக்கும் போய்விடாதீர்கள். டர்போ, இன்ஜெக்டர், கிளட்ச் தட்டு, புஷ், ஷாக் எல்லாம் ஓடினால் தேயும். 1,18,000 வண்டியில் இவற்றில் எவை மாற்றப்பட்டன என்பதை அந்த பில்களில் தேடுங்கள். எதுவுமே மாற்றப்படவில்லை என்றால் அந்தச் செலவு உங்கள் தலையில், விலையில் கழித்துக் கேளுங்கள்.

எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து அடங்கினால் பரவாயில்லை. நீலப் புகை ஆயில் எரிவது. சூடான பிறகு ஐடிலில் ஆயில் மூடியைக் கழற்றித் தலைகீழாக அதே துளைமேல் வையுங்கள். லேசாக ஆடலாம். தூக்கி எறிந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. டர்போவுக்குப் போகும் காற்றுக் குழாயைக் கழற்றி, எஞ்சின் நின்றிருக்கும்போது டர்போவின் தண்டை முன்பின்னாக இழுத்துப் பாருங்கள், கையில் தெரியும் அளவு ஆட்டம் இருக்கக் கூடாது. நான்காவது கியரில் 40-இல் போகும்போது ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. இந்தச் சோதனையில் 42,000 வண்டி தோற்றால் ஆச்சரியப்பட மாட்டேன்.

அதே வண்டியில் ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே சேற்றுக் கோடு இருந்தால் எஞ்சின் தண்ணீர் குடித்திருக்கலாம். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அழுந்தாது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். வளைந்த ராடோடு சில காலம் ஓடவும் செய்யும். சந்தேகம் இருந்தால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் வரும் அழுத்தம்) பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால் விட்டுவிடலாம்.

பட்டறைக்கணக்கு

காகிதம் பற்றி யாரும் சொல்லவில்லை. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் வரலாறு கேளுங்கள், ஒவ்வொரு சர்வீஸிலும் கி.மீ. பதிவாகியிருக்கும். 2019-இல் 38,000 என்றும் இப்போது 42,000 என்றும் இருந்தால், வண்டி நின்றே கிடந்தது அல்லது மீட்டர் திருத்தப்பட்டது. நின்று கிடந்ததும் நல்லதில்லை: சீல் காயும், டேங்கில் தண்ணீர் சேரும், டயர் கல்லாகும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பாருங்கள், 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம்.

டெல்லிப் பக்கத்திலிருந்து என்ஓசி (வேறு மாநிலத்துக்கு மாற்றும் ஆட்சேபமின்மைச் சான்று) வாங்கி வந்த வண்டியா என்பதையும் ஆர்சியில் பாருங்கள். அங்கே 10 வருடம் தாண்டிய டீசலுக்குத் தடை வந்ததால் தெற்கே தள்ளிவிடப்பட்டவை பல.

கடைசியாக, லிஃப்டும் அகல டயரும். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்பதில் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவும், 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் கறாராக இருக்கின்றன. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் எடுப்பது அதைத்தான். ஒன்றரை லட்சம் கூடுதலாகக் கேட்பவரிடம் பழைய ஸ்பிரிங், பழைய வீல் செட் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அவற்றை வாங்கி மாட்டும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.