கறுப்புப் பெயர்ப்பட்டையும் ஒரு தம்ளர் மோரும்

சைதாமா, ஜப்பான்

2018 ஜூலை. பக்கத்துக் குமகாயாவில் 41.1 டிகிரி பதிவாகி, ஜப்பானின் வெப்பச் சாதனை முறிந்த வாரம். மதியம் மூன்று மணிக்கு அழைப்பு மணி அடித்தது. இன்டர்காம் திரையில் இரண்டு பையன்கள். வெள்ளை அரைக்கைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை, கையில் சைக்கிள் ஹெல்மெட். ஒருவன் ஜப்பானியன். இன்னொருவன் அமெரிக்கன், அவன் முகம் வெயிலில் கன்றிப்போய் மூக்கின் தோல் உரிந்திருந்தது.

மதம் பேச வந்த மார்மன் கிறிஸ்தவ சபை ஊழியர்கள் என்று புரிந்துவிட்டது. நான் முருகன் படத்துக்கு விளக்கேற்றுகிறவள். மதம் மாறும் எண்ணம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு திறக்காமல் இருக்க மனம் வரவில்லை. என் தம்பி மகனுக்கு அப்போது அதே வயது.

"உள்ளே வந்து உட்காருங்கள், டீ போடுகிறேன்" என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "உங்கள் கணவர் வீட்டில் இருக்கிறாரா?" என்று அமெரிக்கப் பையன் கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. இதென்ன கேள்வி? அவன் பதறிப்போய் விளக்கினான். பெண் தனியாக இருக்கும் வீட்டுக்குள் அவர்கள் நுழையக் கூடாதாம். டீயும் காபியும் அவர்கள் சபையில் விலக்கு. ஜப்பானில் வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பச்சைத் தேநீர் கொடுப்பதுதான் மரியாதை. கதவைத் திறக்கும் ஓரிரு வீடுகளிலும் கொடுத்ததை வாங்கமாட்டேன் என்று சொல்ல வேண்டிய நிலை அவர்களுக்கு.

குளிர்பதனப் பெட்டியில் மோர் இருந்தது. கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, பெருங்காயம் தூவி, இரண்டு தம்ளரில் கொண்டுவந்தேன். வாசலுக்கு வெளியே, தாழ்வாரச் சுவரில் சாய்ந்து நின்றே குடித்தார்கள். இனிக்கும் என்று நினைத்திருப்பான் போல. முதல் வாய்க்கு அமெரிக்கப் பையனின் கண்கள் விரிந்தன. பிறகு தம்ளரைக் கீழே வைக்காமல் குடித்து முடித்து, அடியில் ஒட்டியிருந்த கறிவேப்பிலையையும் மென்று விழுங்கிவிட்டான். "இன்று காலையிலிருந்து எங்களோடு பேசிய முதல் ஆள் நீங்கள்" என்றான்.

பிறகு என் கணவர் வீட்டிலிருக்கும் சனிக்கிழமைகளில் வரத் தொடங்கினார்கள். எலுமிச்சைச் சாதம் செய்துவைப்பேன். அவர்கள் மத நூலைப் பற்றிப் பேச வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன், அவர்களும் அதை மதித்தார்கள். அப்படித்தான் அவர்கள் வாழ்க்கை எனக்குத் தெரியவந்தது.

பெயர்ப்பட்டையில் 'எல்டர்' என்று இருக்கும். மூப்பர் என்று பொருள். அந்த மூப்பருக்கு வயது பத்தொன்பது. யூட்டாவிலிருந்து வந்தவன். ஆண்களுக்கு இரண்டு ஆண்டு, பெண்களுக்கு ஒன்றரை ஆண்டு ஊழியம். எந்த நாடு என்பதைச் சபைதான் தீர்மானிக்கும். காலை ஆறரைக்கு எழ வேண்டும், இரவு பத்தரைக்குப் படுக்க வேண்டும். சினிமா இல்லை, காதல் இல்லை. திங்கட்கிழமை மட்டும் துணி துவைக்க, கடைக்குப் போக, வீட்டுக்கு மின்னஞ்சல் எழுத. அப்போது அம்மாவின் குரலைக் கேட்பது ஆண்டுக்கு இரண்டே முறை: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம்.

பயிற்சி மையத்தில் ஒன்பது வாரம் ஜப்பானிய மொழி படித்தானாம். வந்த முதல் வாரம் ஒரு வீட்டில் இன்டர்காமில் ஒரு பாட்டி 'கெக்கோ தெசு' என்று சொல்லியிருக்கிறார். 'கெக்கோ' என்றால் 'நல்லது' என்று படித்திருந்த இவன், கதவு திறக்கும் என்று மகிழ்ச்சியோடு நின்றிருக்கிறான். அந்தச் சொல்லுக்கு 'வேண்டாம், போதும்' என்ற பொருளும் உண்டு. துணைப் பையன் தோளைத் தொட்டு அழைத்துப் போகும் வரை நின்றானாம். இந்த ஊரில் யாரும் முகத்தில் அடித்தாற்போல் பேசுவதில்லை. தலை குனிந்து, மன்னிப்புக் கேட்டு, கதவைச் சாத்துவார்கள். ஒரு நாளைக்கு அறுபது எழுபது முறை அப்படிச் சாத்தினால் அந்த வயதுப் பிள்ளை என்ன ஆவான்?

ஜப்பானியர்களையும் குறை சொல்ல முடியாது. 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் கூட்டத்தினர் சாரின் நச்சு வாயுவைப் பரப்பிய பிறகு, மதம் என்று சொல்லிக்கொண்டு வாசலில் நிற்கும் எவரையும் கண்டு மக்கள் மிரள்கிறார்கள். என் பக்கத்து வீட்டு அம்மாவே, "அவர்களை ஏன் உள்ளே விடுகிறாய்?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை அவன் சாப்பிடவே இல்லை. மனைவியை இழந்த ஒரு பெரியவர் இரண்டு மாதமாக இவர்களிடம் பாடம் கேட்டு, ஞானஸ்நானத்துக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். முந்தைய நாள் காலையிலிருந்து தொட்டியில் தண்ணீர் நிரப்பி, வெள்ளை உடை எடுத்து வைத்துக் காத்திருந்தார்கள். பெரியவர் வரவில்லை. அவருடைய மகள் ஒரு பெட்டி இனிப்பும் கடிதமும் கொண்டுவந்து கொடுத்தாள். குடும்பக் கல்லறையைப் பராமரிக்கவும், வீட்டிலிருக்கும் முன்னோர் பீடத்துக்கு ஊதுபத்தி ஏற்றவும் தன்னை விட்டால் ஆளில்லை, மன்னிக்கவும் என்று எழுதியிருந்தாராம். "அவர் செய்தது சரியென்று எனக்குத் தெரிகிறது. ஆனால் அந்தத் தண்ணீரை வடியவிட்டுத் தொட்டியைத் துடைத்தது நான்தான்" என்றான். துடைத்த கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் ஆறுதல் சொல்லத் தேடிக்கொண்டிருந்தபோது அவனே சொன்னான். 1901இல் அவர்கள் சபையின் முதல் ஊழியர்கள் யோகோகாமாவில் வந்து இறங்கினார்கள். தலைமை தாங்கியவர் ஹீபர் ஜே. கிராண்ட், பின்னாளில் சபைக்கே தலைவரானவர். 1924இல் கடையைக் கட்டும் வரை 23 ஆண்டில் சேர்ந்தவர்கள் இருநூறு பேர்கூட இல்லை. 1948இல்தான் திரும்ப வந்தார்கள். "அவராலேயே முடியவில்லை" என்று சொல்லிவிட்டுத்தான் தட்டை எடுத்தான்.

ஆனால் கதவுகளைவிட அவனை வாட்டியது வேறு. துணைவர்கள் இருவரும் எப்போதும் ஒருவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். துணையை அவர்களே தேர்ந்தெடுக்க முடியாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்ற அறிவிப்பு வரும். இவன் இங்கேயே இருக்க, துணைவர்கள் மூன்று முறை மாறினார்கள். நடுவில் வந்தவனோடு ஒத்துப்போகவில்லை. பதினோரு நாள் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாமல் ஒரே அறையில், ஒரே மேசையில். "குளியலறையில் மட்டும்தான் தனியாக இருக்க முடியும். குழாயைத் திறந்துவிட்டு அழுவேன்" என்றான். எந்நேரமும் ஒருவர் கூடவே இருந்தும் இப்படி ஒரு தனிமை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

2019 பிப்ரவரியில் சபை விதியை மாற்றியது. வாரம் ஒருமுறை வீட்டுக்குப் பேசலாம். அந்தச் சனிக்கிழமை வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டான். திங்கள் காலை ஒன்பது மணிக்குப் பேசினால் யூட்டாவில் ஞாயிறு மாலை ஐந்து மணி, அம்மா வீட்டில் இருப்பார் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தான். அந்த மாதக் கடைசியிலேயே மாற்றல் வந்துவிட்டது. புறப்படும் முன் அவன் கேட்டது மோர் செய்யும் முறை. எழுதிக் கொடுத்து, பெருங்காய டப்பாவையும் கொடுத்தனுப்பினேன்.

---

சால்ட் லேக் சிட்டி, யூட்டா

அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நான் பார்த்தது ஊழியத்தின் பாதியில் திரும்பிய வேறொருவனை.

2016இல் முதுநிலைப் படிப்புக்கு வந்தபோது என்னோடு வாடகை வீட்டில் தங்கியிருந்தவன் அவன். தென் அமெரிக்காவுக்கு ஊழியத்துக்குப் போய் நான்காவது மாதத்தில் திரும்பியவன். இரவில் மூச்சு முட்டுகிறது, மார்பு அடைக்கிறது என்று தொடங்கி, தெருவில் இறங்கவே கால் வராத அளவுக்குப் போயிருக்கிறது. பதற்ற நோய் என்று மருத்துவர் சொல்லி அனுப்பிவிட்டார்.

இந்த ஊர் விமான நிலையத்தில் ஊழியம் முடிந்து வருகிறவர்களை நீங்கள் பார்க்க வேண்டும். பலூன், பதாகை, தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை. இவன் வந்த இரவு அம்மா மட்டும் வந்திருந்தாராம். நேராக உள்ளூர்ச் சபைத் தலைவர் வீட்டுக்குப் போய், ஊழியத்திலிருந்து விடுவிப்புப் பெற்று, பெயர்ப்பட்டையைக் கழற்றியிருக்கிறான். சிறுவயதிலிருந்து பக்கத்து வீடுகளில் புல் வெட்டி இந்த ஊழியத்துக்கென்றே காசு சேர்த்தவன். அப்போது மாதம் 400 டாலர் சொந்தப் பணம் கட்டிப் போக வேண்டிய பணி அது.

யாரும் அவனைத் திட்டவில்லை. அதுதான் அவனுக்குப் பெரிய துன்பம். இங்கே அந்த வயதுப் பையனிடம் எவரும் முதலில் கேட்பது, "எங்கே ஊழியம் செய்தாய்?" அதற்குப் பதில் சொல்லிவிடுவான். அடுத்து, "எப்போது திரும்பினாய்?" அந்தக் கேள்வி வருவதற்குள் தண்ணீர் குடிக்கவோ வண்டியைப் பார்க்கவோ எழுந்து போய்விடுவான். விருந்துகளில் இதை நானே பலமுறை கண்டிருக்கிறேன்.

அவன் கட்டிலுக்கடியில் ஊழியத்துக்குக் கொண்டுபோன பெரிய பெட்டி திறக்காமலே கிடந்தது. விமான நிலையச் சீட்டுகூடக் கைப்பிடியில் அப்படியே ஒட்டியிருந்தது. ஒருநாள் எலி புகுந்துவிட்டதோ என்று நான் அதை இழுக்கப் போனேன். "வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று தரையில் மண்டியிட்டுத் தடுத்தான். அதன் பிறகு தொடவில்லை.

உடலோ மனமோ இடம் கொடுக்காதவர்கள் வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய சேவை ஊழியமும் அவர்கள் சபையில் இருக்கிறது. அதை இன்னும் உரக்கச் சொல்லலாம் என்பது என் ஆதங்கம். நான்கு மாதம் முயன்றவனைத் தோற்றவன் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

---

தாவோ, பிலிப்பைன்ஸ்

நான் மருத்துவம் படித்த ஊர். எங்கள் விடுதிக்கு எதிர்வீட்டு மாடியில் அதே சபையின் பெண் ஊழியர்கள் இருவர் தங்கியிருந்தார்கள். 'சகோதரி' என்றுதான் அவர்களை அழைப்பார்கள். ஒருவர் அமெரிக்கர், மற்றவர் பிலிப்பைன்ஸ்காரர். திங்கட்கிழமை பிளாஸ்டிக் தொட்டியில் கையால் துணி துவைப்பார்கள். ஜீப்னி என்ற சிறு பேருந்தில் பார்த்தால் எனக்கும் சேர்த்துக் கட்டணம் கொடுக்க முந்துவார்கள்.

2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் வெளிநாட்டு ஊழியர்களைத் திருப்பி அழைத்துவிட்டார்கள். அமெரிக்கச் சகோதரிக்கு இன்னும் பத்து மாதம் இருந்தது. தெருமுனைக் கடைக்கார அம்மாவிடம் சொல்லிக்கொள்ளவும் நேரமில்லை என்று தவித்தார். தான் சந்திக்க வேண்டியவர்களின் பெயர் எழுதிய நோட்டைத் துணைச் சகோதரியிடம் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார், வேன் வரும் வரை.

---

சைதாமா, ஜப்பான்

யூட்டாத் தம்பி, அந்தப் பையனோடு இன்னும் பேசுகிறீர்களா? எப்படி இருக்கிறான்?

---

சால்ட் லேக் சிட்டி, யூட்டா

பேசுகிறோம் அக்கா. போன வாரம்கூட அழைத்தான். திருமணமாகி ஒரு மகள் இருக்கிறாள். ஊழியத்தைப் பற்றி நானும் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை. பெட்டி அவன் அம்மா வீட்டில் இருக்கிறது.